தைப்பதா, மூட்டுவதா? ஹியூகின் தமிழாக்கத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பல படங்களைச் சேர்த்து ஒரே அகன்ற படமாக்கும் ஹியூகின் மென்பொருளின் இடைமுகத்தைத் தமிழாக்கும் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவுக்குள் கோப்பை அனுப்பியாக வேண்டும். பனோரமா (அகன்ற காட்சிப் படம்), ஸ்டிட்சிங் (நேர்ப்பொருள் தைத்தல்), கண்ட்ரோல் பாயிண்ட் ஆகிய மூன்று சொற்கள் மட்டும் இழுபறியாக நிற்கின்றன. நின்ற இடத்திலேயே கேமராவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, வரிசைக்கு 24 படமாக 12 வரிசை எடுத்தவரிடம் 288 படங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் பக்கத்துப் படத்தின்மேல் ஏறத்தாழக் கால்பங்கு படிந்திருக்கும். அவற்றையெல்லாம் ஒரே படமாக்கும் பொத்தானில் எதை எழுதுவது? இப்போதைக்கு ‘தை’ என்று இட்டிருக்கிறேன். தனியே பார்த்தால் நாட்காட்டியில் மாதப் பெயர் போல இருக்கிறது. ‘இணை’ என்பதை லென்ஸ் அளவுகளைப் பிணைக்கும் கட்டளைக்கு முன்பே கொடுத்துவிட்டேன்.

மறுமொழி:

ஐயா, தைத்தலுக்கு நம்மிடம் ‘துன்னம்’ என்ற பழஞ்சொல் இருக்கும்போது ஏன் இத்தனை தயக்கம்? சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் ‘துன்ன காரரும் தோலின் துன்னரும்’ வருகிறார்கள். புறநானூற்று 136ஆம் பாட்டில் வறுமையில் உடுத்த கந்தலை ‘இழைவலந்த பஃறுன்னத்து’ என்கிறார் புலவர். பல் + துன்னம், பஃறுன்னம்: பல துண்டுகளை ஒன்றாக்கியதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? துன்னுதலுக்கு நெருங்குதல் என்ற பொருளும் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று படியும் படங்களுக்கு அதுவும் பொருந்துகிறது. ‘துன்னுபடம்’ என்று வினைத்தொகையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு.

மறுமொழி:

அம்மா, அதே பாட்டில் அந்தத் தையல் இடுக்குகளில் ஈரும் பேனும் குடியிருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எங்கள் படங்களிலும் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் வந்து குடியேறுகிறது என்பதால் உவமை ஒருவகையில் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் ‘துன்னு’ என்ற பொத்தானைப் பார்க்கும் மாணவர் அதை எழுத்துப்பிழை என்றே நினைப்பார்.

நான் இந்த மென்பொருளை வகுப்பில் சொல்லித்தருபவன். சொல்லுக்கு முன் வேலையைப் பாருங்கள். முதலில் ஹியூகின், ஒரே சன்னல் மூலை இரண்டு படங்களில் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று தேடிக் குறிக்கிறது. கண்ட்ரோல் பாயிண்ட் என்பது இதுதான். இந்தப் புள்ளி எதையும் கட்டுப்படுத்துவதில்லை, இரண்டும் ஒன்றே என்று சான்று சொல்கிறது. ஆகவே ‘கட்டுப்பாட்டுப் புள்ளி’ வேண்டாம், ‘ஒப்புப்புள்ளி’ என்போம். நகரும் மேகத்தின்மேல் வைத்த புள்ளி பொய்ச்சான்று சொல்லும் என்று விளக்கவும் அது வசதியாக இருக்கும். அடுத்து, ஒவ்வொரு படமும் கேமரா திரும்பிய கோணத்துக்கு ஏற்ப நோனா என்னும் நிரலால் வளைக்கப்படுகிறது. கடைசியில் என்பிளெண்ட் என்னும் நிரல், படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிக்குள் ஒரு கோட்டைத் தேர்ந்து, அதன் இருபுறத்தையும் கலக்கிறது. வானத்தின் நிற ஏற்றத்தாழ்வை அகலமான பட்டையிலும் இலை விளிம்பு போன்ற நுண்விவரத்தை மிகக் குறுகிய பட்டையிலும் கலப்பதால்தான் கோடு கண்ணுக்குப் படுவதில்லை; பர்ட், ஏடல்சன் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1983இல் வெளியிட்ட முறை இது. ஊசியும் நூலும் இதில் எங்கும் இல்லை. இரண்டு ஓரத்தைச் சேர்ப்பதற்குக் ‘கைலி மூட்டுதல்’ என்று இன்றும் சொல்கிறோமே, அந்த மூட்டுதல்தான் இது. இரண்டும் கூடும் இடத்துக்கு ‘மூட்டுவாய்’ என்ற சொல்லும் தயாராக இருக்கிறது.

மறுமொழி:

மூட்டுவாய் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ‘படங்களை மூட்டு’ என்று பொத்தானில் இட்டால், நாள் முழுக்க நின்று எடுத்த 288 படத்துக்கும் தீ வைக்கச் சொல்வது போல ஆகிவிடாதா? வினைத்தொகையாக ‘மூட்டுபடம்’ என்று எழுதினால் ஒற்று விடுபட்டதென்று ஒருவர் திருத்துவார். திருத்திய ‘மூட்டுப்படம்’ முழங்காலுக்கு எடுத்த எக்ஸ்ரேயாகிவிடும்.

பனோரமாவுக்கு ‘அகல்காட்சி’ என்பது என் விருப்பம். லகர ஈறு றகரமாகி ‘அகற்காட்சி’ ஆகவேண்டும் என்று யாரேனும் தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன்: இது கொல்களிறு போல வினைத்தொகை, இயல்பாகவே நிற்கும். உலகமே பனோரமா என்கிறதே என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1787இல் காப்புரிமை பெற்ற ராபர்ட் பார்க்கர் தம் வட்ட ஓவியத்துக்கு முதலில் வைத்தது ஒரு நீண்ட பிரெஞ்சுப் பெயர். எல்லாம், காட்சி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை ஒட்டிய ‘பனோரமா’ என்ற பெயர் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. கண்டுபிடித்தவருக்கே முதல் பெயர் நிலைக்கவில்லை.

மறுமொழி:

முதல் மடல் எழுதியவன் மீண்டும் வருகிறேன். நேற்று இரவு நூறு கோடிப் படப்புள்ளிகளை (பிக்சல்) தாண்டிய ஒரு படத்தில் எல்லாச் சொற்களையும் இட்டுச் சோதித்தேன். நிறம் ஒன்றுக்கு 16 பிட் என்றால் புள்ளிக்கு 6 பைட்; கோப்பு 600 கோடி பைட்டைத் தொடும். டிஃப் என்னும் சாதாரணப் படக்கோப்பு வடிவம் 4 ஜிபிக்கு மேல் கொள்ளாது என்பதால் அதன் பெரிய வடிவமான பிக்டிஃபில்தான் சேமிக்க முடிந்தது. அது முடியும்வரை பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் நிறையவே இருந்தது. ‘அகல்காட்சி’யும் ‘ஒப்புப்புள்ளி’யும் ‘மூட்டுவாய்’உம் நன்றாகவே அமர்கின்றன. பொத்தானுக்குப் ‘படங்களைத் தை’ என்று இரண்டு சொல்லாக இட்டேன். மாதக் குழப்பம் போய்விட்டது. மடல் எழுதிய நால்வரில் மூவர் இதற்கு உடன்பட்டிருக்கிறார்கள், உடன்பாட்டைவிடச் சலிப்பே அதில் அதிகமென்றாலும். மறுப்பு வராவிட்டால் இப்படியே அனுப்புகிறேன்.

மறுமொழி:

மறுப்பு உண்டு. தைக்கும் இடத்துக்கு மூட்டுவாய் என்று பெயரிட்டுவிட்டு, செய்யும் வேலைக்கு மட்டும் மூட்டுதல் கூடாது என்பது எந்த இலக்கணம்? கோப்பை அனுப்புங்கள், என் வகுப்புக் குறிப்பில் ‘மூட்டுதல்’ என்றே எழுதப்போகிறேன்.