கேரி-ஓவர் எஃபெக்ட்: ‘கொணர்விளைவு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஓர் உயிர் ஒரு பருவத்தில் பட்டது பிந்தைய பருவத்திலும் வெளிப்படுவதை ‘கேரி-ஓவர் எஃபெக்ட்’ என்கிறார்கள். நான் எழுதும் கட்டுரைக்காக அதற்குத் தமிழ் கேட்டிருந்தேன். தொடர்விளைவு, எச்சவிளைவு, கடத்துவிளைவு என மூன்று வந்தன. மூன்றையும் கட்டுரையில் போட்டுப் பார்த்தேன், மூன்றும் எங்கோ இடிக்கின்றன. ஏன் என்று சொல்வதற்கு முன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல் எதைச் சுமக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் சண்டை போட வசதி.

அமெரிக்காவின் ஒரிகன் கரையில் நெட்டார்ட்ஸ் விரிகுடா என்று ஓர் இடம். அங்கே விஸ்கி க்ரீக் என்ற சிப்பிக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. பசிபிக் சிப்பியின் லார்வாக்களை, அதாவது முட்டையிலிருந்து வந்த இளம் பருவத்தை, வளர்த்துப் பண்ணைகளுக்கு விற்பது தொழில். 2007, 2008இல் அங்கே தொட்டி தொட்டியாக லார்வாக்கள் செத்தன. முதலில் விப்ரியோ பாக்டீரியா மேல்தான் சந்தேகம் போனது. கடைசியில் மாட்டியது கடல்நீர். கோடையில் வடக்கிலிருந்து காற்றடித்தால் அந்தக் கரையில் ஆழ்நீர் மேலே எழும். அதில் கரியமில வாயு அதிகம், ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைவு. பொரிப்பகம் அந்த நீரைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் சோடா சாம்பல் எனும் காரப்பொருளைக் கலந்து நீரைச் சரிக்கட்டினார்கள். கடற்புல் பகலெல்லாம் வாயுவை இழுத்து முடித்தபின், பிற்பகலில் பார்த்து இறைக்கவும் பழகினார்கள்.

நமக்கு வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. பொரிப்பகத்தின் ஆலன் பார்ட்டனும் ஒரிகன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் 48 மணி நேரம் லார்வா மோசமான நீரில் இருந்தாலும் அதன் பாதிப்பு உடனே தெரியவில்லை. சுமார் 120 மைக்ரோமீட்டர் அளவை எட்டும்வரை வளர்ச்சியில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. அங்கிருந்து 150க்குப் போகிற கட்டத்தில்தான் தடுக்குகிறது. அன்றைய நீரை மட்டும் சோதித்தால் காரணம் கிடைக்காது, முதலிரண்டு நாள் இருந்த நீரைப் பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி? கருவுற்ற முட்டை ஏறத்தாழ ஒரு நாளில் ட்ரோகோஃபோர் எனும் நீந்தும் முதல்நிலை லார்வா ஆகிறது. இரண்டாம் நாளுக்குள் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் இரண்டு ஓடும் மூடிய சிற்றுயிர் ஆகிவிடுகிறது. உடல் எடையில் பெரும்பகுதி அந்த ஓடுதான், அதுவும் அரகோனைட் எனும் எளிதில் கரையும் சுண்ணாம்பு வகை. இதைக் கட்டி முடிக்கும்வரை லார்வா இரை எடுக்காது. முட்டையில் தாய் வைத்துவிட்ட கொழுப்பை வைத்துத்தான் அத்தனை செலவும். நீரில் அரகோனைட் செறிவு நிலை, அதாவது அது படிவதற்கு நீர் எவ்வளவு தோது என்ற அளவு, குறைந்தால் அதே ஓட்டுக்குக் கூடுதல் செலவாகிறது. ஓடு எப்படியோ முடிந்துவிடும், பார்வைக்கு லார்வா நன்றாகவே இருக்கும். கையிருப்புதான் காலி. பேரேட்டில் பழைய பாக்கியை அடுத்த பக்கத் தலையில் எழுதிக்கொள்வது மாதிரி, அடுத்த பருவம் பற்றுடன் தொடங்குகிறது.

உருமாற்றத்தைத் தாண்டியும் இது போகிறது. கலிஃபோர்னியாவின் போடேகா கடல் ஆய்வகத்தில் ஒலிம்பியா சிப்பியை வைத்துச் செய்த சோதனை 2012இல் வெளிவந்தது. கார அமில எண் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 7.8 ஆன நீரில் வளர்ந்த லார்வாக்கள், உருமாறி அடித்தளத்தில் ஒட்டிய ஒரு வாரத்தில், 8.0 நீரில் வளர்ந்தவற்றைவிட 41 விழுக்காடு குறைந்த வேகத்தில் ஓடு வளர்த்தன. நல்ல நீருக்கு மாற்றி ஒன்றரை மாதம் ஆகியும் பின்தங்கியே இருந்தன. செருப்பு நத்தை எனலாம், க்ரெபிடுலா ஃபோர்னிகேட்டா, அதன் லார்வாவைச் சில நாள் பட்டினி போட்டால் பிறகு குஞ்சு நத்தை மெதுவாகத்தான் வளர்கிறது, எவ்வளவு இரை கொடுத்தாலும் வடிகட்டி உண்ணும் திறன் குறைந்திருக்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் யான் பெச்செனிக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998இலேயே ‘உருமாற்றம் ஒரு புதிய தொடக்கம் அல்ல’ என்ற பொருளில் கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எல்லாமே கெடுதல் இல்லை. சிட்னி பாறைச் சிப்பியில், இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது கரியமில வாயு மிகுந்த நீரில் இருந்த தாய் தந்தையின் லார்வாக்கள் அதே மாதிரி நீரில் மற்றவற்றைவிடப் பெரிதாகவும் விரைவாகவும் வளர்ந்தன. ஆகவே ‘பாதிப்பு’, ‘ஊனம்’, ‘வடு’ என்று முடியும் எந்தச் சொல்லும் உதவாது.

சரி, வந்த சொற்கள். தொடர்விளைவு என்றால் ஒன்று இன்னொன்றைக் கிளப்பி, அது மற்றொன்றைக் கிளப்புவதுதான் மனதில் வரும். இங்கே இடையில் ஒன்றுமே நடக்காதது போல ஓர் இடைவெளி இருக்கிறதே. எச்சவிளைவு அழகுதான். ஆனால் பூச்சிக்கொல்லி எச்சம் என்று நாளிதழ்வரை புழங்கிவிட்டது. கடற்கரைப் பாடத்தில் பறவை எச்சமும் வரும். கடத்துவிளைவில் மின்சாரம் ஓடுகிறது, இல்லையென்றால் சுங்கத்துறை வருகிறது.

என் பரிந்துரை: கொணர்விளைவு. வினைத்தொகை என்பதால் காலம் காட்டாது. கொணர்ந்த, கொணர்கின்ற, கொணரும் என மூன்றுக்கும் இடம் தரும். முன்பு பட்டது இப்போதும் வேலை செய்கிறது, இனியும் செய்யும் என்ற நிலைக்கு அது தோதாக இருக்கிறது. நல்லதா கெட்டதா என்றும் முன்கூட்டித் தீர்ப்பு சொல்லாது. கட்டுரையின் ஒரு பத்தியையும் இணைத்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

—

தம்பி, வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சொல் நன்று. எனக்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, ‘கொணர்’ பாடசாலைப் பிள்ளைகளுக்குச் செய்யுள் வாடை அடிக்கும். ‘பருவம் கடந்த விளைவு’ என்று விரித்தே சொன்னால் ஆசிரியர் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டு, நீங்கள் இணைத்த பந்தியில் ‘ஸ்ட்ரெஸ்’ வருமிடமெல்லாம் ‘சுற்றுச்சூழல் அழுத்தம்’ என்று போட்டிருக்கிறீர்கள். கடலைப் பற்றி எழுதும்போது அழுத்தம் என்றால் நீரின் அழுத்தம் என்றுதானே வாசிப்பார்கள்? எங்கள் பாடநூல்களில் தகைப்பு என்போம். லார்வாவும் எங்களுக்குக் குடம்பிதான், அது உங்கள் விருப்பம்.

—

ஐயா, வணக்கம்.

அழுத்தம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆழ்நீர் மேலெழுகிற பத்தியிலேயே அழுத்தம் என்று போட்டால் வாசகர் ஆழ்கடலுக்கே போய்விடுவார். தகைப்பு எனக்குப் பிடிக்கும், ஆனால் இங்கே பள்ளியில் இயற்பியலில் தகைவு என்று படித்தவர்கள் கம்பியையும் எடைக்கல்லையும் நினைப்பார்கள். ‘சூழல் நெருக்கடி’ என்று வைத்துக்கொள்கிறேன். வெப்பம், உவர்ப்பு, ஆக்சிஜன் குறைவு, அமிலமாதல் எல்லாம் அதில் அடங்கும். குடம்பி நல்ல சொல், முதல் இடத்தில் ‘லார்வா எனும் குடம்பி’ என்று எழுதிவிட்டு அப்புறம் குடம்பி என்றே போகிறேன்.

பருவம் கடந்த விளைவில்தான் தயக்கம். ‘பருவம் கடந்த மழை’ என்று சொல்லிப் பழகிய காது அதைக் காலம் தப்பிய விளைவு என்றே கேட்கும். தவிர, சிட்னிச் சிப்பியில் பாலம் போடுவது பருவங்களுக்கு இடையில் இல்லை, தலைமுறைகளுக்கு இடையில். கொணர்விளைவைத் தலைச்சொல்லாக வைத்தால் பருவக் கொணர்விளைவு, தலைமுறைக் கொணர்விளைவு என்று பிரித்துக்கொள்ளலாம். செய்யுள் வாடை இருக்கிறதுதான். ஆனால் ‘கொண்டுவரு விளைவு’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு மடங்குகிறது.

‘லேட்டன்ட் எஃபெக்ட்’டை இதோடு சேர்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆய்வாளர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகவே புழங்குகிறார்கள், ஆனாலும் இரண்டும் வலியுறுத்துவது வேறு. முதலில் வெளியே தெரியாமல் இருந்து பின்னால் தலைகாட்டுவது மறைவிளைவு. ஒலிம்பியா குடம்பிகள் குடம்பியாக இருந்தபோதே சிறுத்துத்தான் இருந்தன, அது கொணர்விளைவு மட்டுமே. நெட்டார்ட்ஸில் முதல் கட்டம் முழுவதும் ஒளிந்திருந்ததே, அது இரண்டும்.

கட்டுரையில் இப்படி எழுதியிருக்கிறேன்: “கருவுற்ற முதல் இரண்டு நாளில் நேர்ந்த சூழல் நெருக்கடி, குடம்பியின் பிந்தைய வளர்ச்சியில் கொணர்விளைவாக வெளிப்பட்டது.” ‘நேர்ந்த’ வேண்டுமா, ‘பட்ட’ போதுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.