மறுபாதி பிளேடு எங்கே போகிறது?

பாளைவாசி
சலூன்களில் சுகாதார ஆய்வு வேண்டுமா என்று நேற்று இங்கே பேச்சு வந்தபோது, கத்தரிக்கோல் என்ற நண்பர் இப்படி எழுதியிருந்தார்: "நெல்லைச் சீமையில் எந்தக் கடைக்குப் போனாலும் ஆளுக்கொரு புது பிளேடுதான். எங்களைச் சோதிக்க அதிகாரி எதற்கு?" படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முப்பது ஆண்டு வேதியியல் நடத்தியவன் நான். போன ஞாயிற்றுக்கிழமை சவரத்துக்குப் போன இடத்தில் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். புது பிளேடை எடுத்தார். காகித உறையோடு நீளவாக்கில் மடித்தார். 'டிக்' என்று இரண்டாக உடைந்தது. ஒரு பாதி கத்தியில் ஏறியது. மறுபாதியைக் கண்ணாடியின் மரச்சட்ட இடுக்கில், முருகன் படத்துக்குக் கீழே செருகி வைத்தார். அது அடுத்தவருக்கு. ஆளுக்கொரு பிளேடு என்றால் ஒரு பிளேடுக்கு இரண்டு ஆள் எப்படி வந்தார்கள்? பதில் வேண்டும்.

கத்தரிக்கோல்
அண்ணாச்சி, இரண்டு பாதியும் புதியதுதானே. ஒரு வாழைப்பழத்தை இரண்டாகப் பிட்டு இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தால், இரண்டாவது பிள்ளை எச்சில் பழம் தின்றதாக ஆகுமா? நான் 26 ஆண்டுகளாக டவுனில் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் கன்னத்தில் பட்ட பாதியை இன்னொருவர் கன்னத்தில் வைத்ததில்லை.

பாளைவாசி
பழத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்தால் ஈ மொய்க்கும்.

மேலப்பாளையத்தான்
பயப்படாதீர்கள் ஐயா, பாதி பிளேடுக்குப் பாதி மஞ்சள் காமாலைதான் வரும்.

ஹைகிரவுண்டு அக்கா
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பிளேடாவது மாறுகிறது. மாறாமல் இருப்பவை எவை என்று பாருங்கள். சவரம் முடிந்ததும் தேய்க்கும் படிகாரக் கல் ஊருக்கெல்லாம் ஒன்றே. கீறல் விழுந்த கன்னத்தில்தான் அதைத் தேய்க்கிறார்கள். பிடரியில் ஓட்டும் டிரிம்மரும் ஒன்றே. கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் பி கிருமி, காய்ந்த ரத்தத்தில் வெளியே 7 நாள் வரை உயிரோடு இருக்கும். படிகாரம் ரத்தத்தை நிறுத்துமே தவிர, கிருமியைக் கொல்லும் என்று நம்பியிருக்க முடியாது. டெட்டால் கலந்த தண்ணீரில் சீப்பை முக்கி வைப்பதும் கண்துடைப்புத்தான்.

பாளைவாசி
நன்றி அம்மா. நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். அந்த மறுபாதி பிளேடு 7 நாள் கண்ணாடிச் சட்டத்தில் இருந்தால் என்ன ஆகும்?

ஹைகிரவுண்டு அக்கா
நான் பிளேடைச் சொல்லவில்லை ஐயா. படிகாரத்தைச் சொன்னேன்.

கத்தரிக்கோல்
7 நாளா? ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடையில் மறுபாதி 7 நிமிடம்கூட இருக்காது. பெஞ்சில் ஆறு பேர் தினத்தந்தியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்களைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே, வண்ணாரப்பேட்டை பக்கம் கண்ணாடிக் கதவு போட்டுப் பச்சை குத்துகிறார்களே, அங்கே போய்க் கேளுங்கள். அவர்கள் உடம்புக்குள்ளேயே ஊசியை இறக்குகிறார்கள்.

ஊசிமுனை
கேட்கட்டும், பதில் இருக்கிறது. நான் வைத்திருப்பது பச்சை குத்தும் கடைதான். ஊசி தனி உறையில் வருகிறது. உறைக்குள் வாயு செலுத்திக் கிருமி நீக்கியது. காலாவதித் தேதி அச்சடித்திருக்கும். வாடிக்கையாளர் கண் முன்னால் பிரிப்பேன், வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் போடுவேன். ஊசியை இரண்டாக உடைத்து மறுபாதியை முருகனிடம் ஒப்படைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

கத்தரிக்கோல்
முருகனைக் கேலி செய்ய வேண்டாம் தம்பி. 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கை இரண்டாகப் பிளந்து சாயம் ஏற்றிக் கைதானது சலூன்காரனா, பச்சை குத்தும் கடைக்காரனா? மாநகராட்சி வந்து சீல் வைத்தது எந்தக் கடைக்கு?

ஊசிமுனை
அது பச்சை குத்துவது இல்லை. மருத்துவப் படிப்பு இல்லாமல் செய்த அறுவை. அந்த ஆளால் எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர். அதையும் இதையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

கத்தரிக்கோல்
ஒரே கடையில்தானே நடந்தது. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தது?

பாளைவாசி
பேச்சை மாற்ற வேண்டாம். மறுபாதி.

பழைய ஆய்வாளர்
சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டு பலர் பேசுகிறீர்கள். 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், அன்றைய சென்னை மாகாணம் போட்டது. இந்தியாவிலேயே முழுமையான பொதுச் சுகாதாரச் சட்டமாக முதலில் வந்தது அதுதான். இன்றும் நடப்பில் இருக்கிறது. குறை எங்கே என்றால், ஆள் எங்கே. ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் டெங்கு. வீடு வீடாகப் போய்த் தொட்டியையும் தேங்காய்ச் சிரட்டையையும் கவிழ்த்துக் கொசுப்புழு பார்ப்பதற்கே பொழுது சரியாகப் போகும். கழிவுநீர் கலந்த குடிநீர் புகார், பிளாஸ்டிக் பை பறிமுதல், திருவிழாப் பணி, இத்தனைக்கும் நடுவில் சலூனுக்குள் நுழைந்தால், "என்ன சார், முடி வெட்டவா?" என்று நாற்காலியைத் தட்டிப் போடுவார்கள்.

பாளைவாசி
அந்தச் சட்டத்தில் அரை பிளேடைப் பற்றி எந்தப் பிரிவில் இருக்கிறது?

பழைய ஆய்வாளர்
சட்டத்தில் அரை பிளேடு, முக்கால் சீப்பு என்றெல்லாம் எழுதமாட்டார்கள் ஐயா.

பாளைவாசி
அப்படியானால் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

கத்தரிக்கோல்
விதி போடுவதில் இவர்களுக்கு இணை கிடையாது. 2020 ஜூனில் கொரோனாவுக்குப் பிறகு கடை திறந்தபோது என்ன விதி? முடி வெட்ட வருகிறவரின் பெயர், முகவரி, தொலைபேசி, ஆதார் எண் எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். நான் எழுதினேன். நாற்பது பக்க நோட்டு, கோடு போட்டு, நாள்வாரியாக. இன்றும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒருவராவது வந்து புரட்டிப் பார்த்தாரா? யாரும் வரவில்லை.

பழைய ஆய்வாளர்
அதிகாரி எதற்கு என்று நேற்று கேட்டதும் நீங்கள்தான், அதிகாரி வரவில்லை என்று இன்று வருத்தப்படுவதும் நீங்கள்தான்.

கத்தரிக்கோல்
வருத்தப்படவில்லை. உண்மையைச் சொன்னேன்.

தாமிரபரணி
பெருமாள்புரம் பக்கம் குளிர்சாதன சலூனுக்குப் போங்கள், இந்தத் தொல்லையே இல்லை. கத்தரி, சீப்பு எல்லாவற்றையும் நீல விளக்கு எரியும் பெட்டியில் வைத்து எடுக்கிறார்கள். கூலி நான்கு மடங்கு, ஆனால் நிம்மதி.

ஹைகிரவுண்டு அக்கா
அந்த நீல விளக்கை நம்ப வேண்டாம். ஒளி படும் மேற்பரப்பில் மட்டும் ஏதோ வேலை நடக்கும். சீப்பின் பல்லிடுக்கிலும் கத்தரியின் மூட்டிலும் முடியும் எண்ணெயும் ஒட்டியிருந்தால் ஒன்றும் நடக்காது. முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். தோலைக் கிழிக்கும் கருவியை நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரியில் 15 நிமிடமாவது வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட வேண்டும். ஊசிமுனை தம்பி, உங்களிடம் ஒரு கேள்வி. ஊசி புதிது, சரி. சாயத்தை நீர்க்க வைக்க எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? மீந்த சாயம் குப்பிக்கே திரும்புகிறதா?

ஊசிமுனை
காய்ச்சி வடித்த தண்ணீர்தான் அக்கா. மீந்ததைக் கொட்டிவிடுவேன். சாயமும் வெளிநாட்டுச் சாயம்.

ஹைகிரவுண்டு அக்கா
வெளிநாடு என்றால் எந்த நாடு? பச்சை குத்தும் சாயங்களில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலேயே கட்டுப்பாடு போட்டுவிட்டது. உங்கள் குப்பி அதற்கு முன் வந்ததா, பின் வந்ததா?

ஊசிமுனை
பார்த்துச் சொல்கிறேன் அக்கா. ஆனால் சாயத்தைப் பற்றிக் கேட்பவர்கள், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டத்தில், பேட்டரியோடு தரையில் உட்கார்ந்து ஒரே ஊசியால் வரிசையாகக் குத்துவோரிடம் கேட்டதுண்டா? தாளில் மயிலும் தேளும் வரைந்து வைத்திருப்பார்கள். விரலைக் காட்டினால் போதும். நடுவில் ஊசியை ஒரு துணியில் துடைப்பார்கள். அந்தத் துணியை நான் பார்த்திருக்கிறேன். அதன் சொந்த நிறம் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

பாளைவாசி
கோயிலை விடுங்கள். திருச்செந்தூரில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணமே இல்லை. நானும் பேரனுக்குப் போட்டு வந்தேன். அங்கேயும் நான் முதலில் பார்த்தது பிளேடைத்தான்.

தென்காசிச்சாரல்
திருநெல்வேலியைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிவிட்டுத் திருச்செந்தூருக்கு ஏன் போகிறீர்கள்? அது 1986லேயே உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. 2019 நவம்பரில் தென்காசிக்காரர்கள் நாங்களும் தனி மாவட்டமாக வெளியே வந்துவிட்டோம். இன்னும் எல்லாம் உங்கள் சீமை என்கிற நினைப்பு.

தாமிரபரணி
மாவட்டம் பிரிந்தால் ஆறும் பிரிந்துவிடுமா? நாங்கள் குடித்த தண்ணீரைத்தான் திருச்செந்தூர்க்காரரும் குடிக்கிறார்.

தென்காசிச்சாரல்
எங்கள் அருவித் தண்ணீர்தான் சிற்றாறாக ஓடி உங்கள் ஆற்றில் விழுகிறது. நன்றி சொல்லிப் பழகுங்கள்.

மேலப்பாளையத்தான்
அடுத்து அல்வா வரப்போகிறது. நான் தேநீர் குடித்துவிட்டு வருகிறேன்.

பாளைவாசி
கத்தரிக்கோல் ஐயாவுக்கு நேரடியாகக் கேட்கிறேன். முதல் ஆளுக்குச் சவரம் செய்யும்போது கீறல் விழுந்தது, விரலால் துடைத்தீர்கள். அதே விரலால் மறுபாதியை எடுத்துக் கத்தியில் மாட்டினீர்கள். இப்போது அது புதியதா, பழையதா?

கத்தரிக்கோல்
நான் கை கழுவுவேன்.

பாளைவாசி
எந்தக் குழாயில்? உங்கள் தெருவில் எத்தனை சலூனில் குழாயும் தொட்டியும் இருக்கின்றன? தண்ணீர் தெளிக்கும் புட்டிதானே இருக்கும்.

கத்தரிக்கோல்
வாளியும் குவளையும் இருக்கின்றன. பத்துக்குப் பதினைந்து அடிக் கடைக்கு வாடகை கொடுக்கிறவனிடம் பளிங்குத் தொட்டி கேட்கிறீர்கள். சுத்தத்தை எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் ஊருக்கு மருத்துவம் பார்த்தது எங்கள் குடும்பங்கள்தான். என் ஆச்சி மருத்துவச்சி. நள்ளிரவில் அரிக்கேன் விளக்கோடு வந்து கூப்பிடுவார்கள். சேரன்மகாதேவி சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்குப் பேறுகாலம் பார்த்தவள் அவள். கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போடாமல் தொப்புள்கொடியைத் தொட்டதில்லை.

பாளைவாசி
அங்கேயும் பாதிதானா?

கத்தரிக்கோல்
இந்த வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள்.

ஹைகிரவுண்டு அக்கா
ஐயா, அது வேண்டாத பேச்சு.

பாளைவாசி
நகைச்சுவையாகச் சொன்னேன். திரும்பப் பெறுவதற்கு நான் என்ன அடகா வைத்தேன்? ஆச்சி கத்தியைக் கொதிக்க வைத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். பேரன் கண்ணாடிச் சட்டத்தில் செருகுகிறார். என் வாதத்துக்கு நீங்களே சாட்சி கொண்டுவந்திருக்கிறீர்கள்.

கத்தரிக்கோல்
என் கடையில் கண்ணாடிக்குச் சட்டமே கிடையாது! நீங்கள் பார்த்தது யார் கடை என்றும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள். யாரோ செய்ததற்கு என் ஆச்சியை ஏன் இழுக்கிறீர்கள்?

ஊசிமுனை
இதே கேள்வியைத்தான் திருச்சி விஷயத்தில் நான் கேட்டேன். அப்போது உங்களுக்குப் புரியவில்லை.

கத்தரிக்கோல்
நீ நடுவில் வராதே தம்பி.

ஹைகிரவுண்டு அக்கா
சண்டைக்கு நடுவே ஒன்று மட்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2011க்குப் பிறகுதான் நாடு முழுவதும் குழந்தைகளுக்கான பட்டியலில் வந்தது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் போட்டிருக்கமாட்டோம். பெரியவர்களுக்கு மூன்று தவணை. முதல் ஊசி, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. கத்தரிக்கோல் அண்ணன், நீங்கள் போட்டிருக்கிறீர்களா? பிளேடு முதலில் வெட்டுவது உங்கள் விரலைத்தானே. தடுப்பூசி போடாத மருத்துவமனை ஊழியருக்குக் கிருமியுள்ள ஊசி குத்தினால் நூற்றில் 6 முதல் 30 பேருக்கு இந்த நோய் தொற்றுகிறது. எச்ஐவி ஆயிரத்தில் 3 பேருக்குத்தான். எல்லோரும் பயப்படுவது என்னவோ இரண்டாவதற்கு.

மேலப்பாளையத்தான்
தேநீர் முடிந்தது. இன்னும் பிளேடுதானா?

பாளைவாசி
ஆம். அக்கா சொன்ன நூற்றில் 30இல் மறுபாதிக்கு எத்தனை என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

பழைய ஆய்வாளர்
ஐயா, ஒரு முழு பிளேடு என்ன விலை? சில ரூபாய். கூலியில் இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்து, "மறுபாதியைக் குப்பையில் போடு" என்று சொன்னால் உங்கள் வழக்கு தீர்ந்துவிடுமே. அந்தக் கடையில் அன்றைக்கே சொன்னீர்களா?

பாளைவாசி
கழுத்தில் கத்தி இருக்கும்போது எப்படிச் சொல்வது? அது போகட்டும், இரண்டு ரூபாய் நான் ஏன் தர வேண்டும்? பிரச்சினை பணம் இல்லை, கொள்கை.

கத்தரிக்கோல்
வெறும் வாயை மெல்ல வேண்டாம். நேரில் வாருங்கள். வாளி, குவளை, சோப்பு, பிளேடு எல்லாவற்றையும் பாருங்கள். என் மேசையில் மறுபாதி இருந்தால் அன்றைக்கே கடையைச் சாத்துகிறேன். காலை 6 மணிக்குத் திறப்பேன்.

பாளைவாசி
வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு அங்கே இருப்பேன்.

கத்தரிக்கோல்
செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. இதுகூடத் தெரியாதவர் முப்பது ஆண்டு பாடம் நடத்தினாராம், என் கடையை ஆய்வு செய்ய வருகிறாராம்.

பாளைவாசி
பார்த்தீர்களா எல்லோரும்? நாள் சொன்னதும் கடையைப் பூட்டிவிட்டார். மறுபாதி எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தென்காசிச்சாரல்
சிற்றாறு விஷயத்தில் எனக்கும் இன்னும் பதில் வரவில்லை.