பிரேக் பெடல் பக்கம் போன போன்: காரில் டேட்டா லாகர் மாட்டிய அனுபவங்கள்

தொடங்கியவர், சென்னை (போலோ)

டிராக்கில் ஒரு சுற்று ஓட எடுத்த நேரத்தை, அதாவது லேப் டைமை, எல்லோரும் இந்த மன்றத்தில் போடுகிறீர்கள். அந்த லேப் டைமை அளந்த கருவியை, அதாவது இடம், வேகம் எல்லாம் பதிவு செய்கிற டேட்டா லாகரை, காரில் எங்கே, எப்படி மாட்டினீர்கள் என்று யாரும் சொல்வதில்லை. நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்கள் கதை.

என் போலோ ரேஸ் கார் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிற கார். வீட்டில் எனக்கு ஒரே நிபந்தனைதான்: இது டிராக்குக்குப் போனதே காரைப் பார்த்தால் தெரியக் கூடாது. ஓட்டை போடக் கூடாது, பசை தெரியக் கூடாது. அதனால் போனிலேயே ரேஸ்க்ரோனோ என்ற லேப் டைம் ஆப்பைப் போட்டு, கண்ணாடியில் சக்‌ஷன் மவுண்டில் ஒட்டிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போனேன்.

மார்ச் மாதம், காலை பத்தரை மணி. காரைப் பூட்டி வெயிலில் நிறுத்திவிட்டு டிரைவர் பிரீஃபிங்குக்குப் போய்வந்தேன். திரும்பி வந்து போனைத் தொட்டால் தோசைக்கல். சூடு தணியட்டும் என்று ஏசியை அதன் பக்கம் திருப்பிவிட்டுக் கிளம்பினேன். மூன்றாவது லேப். மெயின் ஸ்ட்ரெய்ட் முடிவில் முதல் வளைவுக்காக பிரேக்கை மிதித்ததும் ‘டொப்’ என்று ஒரு சத்தம். மவுண்ட், போன் இரண்டும் சேர்ந்து கால் பக்கம் விழுந்து கார்பெட்டில் சறுக்கின. வலது கால் பிரேக்கில் இருக்கிறது. போன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பெடலுக்கு அடியில் நுழைந்திருந்தால்? குனிந்து பார்க்கவும் முடியாது. நல்லவேளை, கிளட்ச் பக்கம் இடது ஷூவில் இடித்தது. ஹசார்ட் விளக்கைப் போட்டு, மெதுவாக உருட்டி, டிராக் ஓரம் கார் நிறுத்துகிற பிட்டுக்கு வந்தேன்.

பிட்டில் நின்ற அதிகாரி கத்தவில்லை. மவுண்டை வாங்கி, ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தார். “வெயில்ல ரப்பர் இளகிடும் சார். காலையில ஏழு மணிக்கு ஒட்டினதை நம்பிப் பதினோரு மணிக்கு பிரேக் போடாதீங்க” என்றார். அன்றைக்கு மிச்ச நேரம் எதுவும் மாட்டாமல்தான் ஓட்டினேன்.

அதன்பிறகு ரேஸ்பாக்ஸ் மினி வாங்கினேன். விநாடிக்கு 25 முறை இடத்தைக் குறிக்கும் சின்னப் பெட்டி. போன்களில் உள்ள ஜிபிஎஸ் பெரும்பாலும் விநாடிக்கு ஒரு முறைதான். மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் கார் விநாடிக்கு 40 மீட்டர் போகிறது. அப்படியானால் போனுக்கு இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் 40 மீட்டர் இருட்டு. பிரேக் போட்ட இடம் அந்த இருட்டுக்குள்தான் இருக்கும். 10 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 10 முறை) கருவியில் அது 4 மீட்டர், ஒரு போலோவின் நீளம். 25 ஹெர்ட்ஸில் ஒன்றரை மீட்டர் சொச்சம். எது வாங்குவது என்ற குழப்பம் எனக்கு அந்தக் கணக்கிலேயே தீர்ந்துவிட்டது. எங்கே மாட்டுவது என்பது தீரவில்லை. சொல்லுங்கள்.

மறுமொழி: கோவை (எஸ்டீம்)

தம்பி, கிளட்ச் பக்கம் போனது உங்கள் நேரம். என் நண்பர் ஒருவருக்குத் தண்ணீர் பாட்டில் பிரேக் பக்கமே போனது. அதற்குப் பிறகு அவர் காருக்குள் குடை கூட வைப்பதில்லை.

என்னுடையது ரோல் கேஜ் (கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு) போட்ட பழைய எஸ்டீம். வீட்டில் யாரும் அதில் ஏற மாட்டார்கள், அதனால் எங்கே வேண்டுமானாலும் துளை போடலாம். லாகர் ஏய்ம் சோலோ. சரி, கேஜ் இருக்கிறதே, அதில் பிடித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் கேஜில் மாட்டினால் திரை கண்ணுக்கு நேரே வரவில்லை. லேத் பட்டறையில் சொல்லி, ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியப் பட்டை வளைத்து, அதன் நுனியில் லாகரை வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

இங்கே கரி ஸ்பீட்வே டிராக்கில் ஓட்டிவிட்டு வந்து லேப்டாப்பில் பார்த்தால், பிரேக்கிங் 2.5 ஜி (புவியீர்ப்பைப் போல இரண்டரை மடங்கு) என்று காட்டுகிறது. சாதாரண டயரில் ஓடும் எஸ்டீம் 1 ஜி தொட்டாலே பெரிய விஷயம். கோடும் கோடாக இல்லை, கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் மயிராக நிற்கிறது. நான்கு நாள் சாஃப்ட்வேரில் ஃபில்டரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் ஷெட்டில் இன்ஜினை ஐடிலில் விட்டுவிட்டு, எதேச்சையாக அந்தப் பட்டையின் நுனியில் விரலை வைத்தேன். வீணைத் தந்தி மாதிரி அதிர்கிறது! லாகர் அளந்துகொண்டிருந்தது காரை இல்லை, என் அலுமினியப் பட்டையை. பட்டையை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு போல்ட் இருந்த இடத்தில் இரண்டு போட்டேன். கம்பளிப்பூச்சி போய்விட்டது. திரையைப் பார்க்கக் கொஞ்சம் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது, பரவாயில்லை.

இன்னொன்று. என் கார் காலத்தில் ஓபிடி (காரின் கணினியிடம் விவரம் கேட்கும் போர்ட்) எல்லாம் கிடையாது. ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வேண்டுமென்றால் இக்னிஷன் காயிலில் இருந்து ஒயர் இழுக்க வேண்டும். நான் இழுத்த ஒயர் ஸ்பார்க் பிளக் ஒயர்களை ஒட்டியே போனது. முதல் நாள் வரைபடத்தில் என் எஸ்டீம் 14,000 ஆர்பிஎம் தொட்டிருந்தது, அந்த இன்ஜினுக்கு நடக்காத காரியம். பட்டறைப் பையன்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கவசம் போட்ட ஒயராக மாற்றி, பிளக் ஒயர்களை விட்டு விலக்கி ஃபயர்வாலின் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகடு) மறுபக்கமாகக் கொண்டுவந்ததும் சரியானது.

ஓட்டை போட முடியாதவர்களுக்கு: டேஷ்போர்டில் பளபளப்பு பாலிஷ் போட்டிருந்தால் எந்த டேப்பும் பிடிக்காது. ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, 3எம் விஎச்பி மாதிரியான நல்ல டபுள் சைட் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். ஒட்டிய கையோடு டிராக்கில் இறங்காதீர்கள். அதற்கு மேலே ஒரு கயிறோ கேபிள் டையோ கட்டாயம். டேப் விட்டாலும் பொருள் தொங்க வேண்டும், பறக்கக் கூடாது. அதே போல ஏர்பேக் திறக்கும் மூடியின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். வெடித்தால் அந்தப் பெட்டி நேராக உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

மறுமொழி: ஓசூர்

எஸ்டீம் அண்ணன் சொன்ன 14,000 ஆர்பிஎம்முக்கு என்னிடம் ஒரு தம்பி உண்டு. என் வரைபடத்தின்படி நான் ஒரே நேரத்தில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மிதிக்கிறவன்.

ஓபிடி போர்ட்டில் 500 ரூபாய் ப்ளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகி, ஆர்பிஎம், வேகம், த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் திறப்பு), கூலன்ட் சூடு, இன்டேக் காற்றின் சூடு, இன்ஜின் லோடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் டிக் செய்துவிட்டேன். ஓபிடி தானாகக் கொட்டாது. கேட்டால்தான் சொல்லும், ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஆறு கேள்வி கேட்டால் ஒவ்வொன்றுக்கும் முறை வரத் தாமதமாகும். ஜிபிஎஸ் வேகம் விழ ஆரம்பித்து அரை விநாடிக்குப் பிறகும் த்ராட்டில் 100 சதவீதம் என்று நிற்கிறது. நண்பர்கள் “இடது கால் பிரேக்கிங்கா, பெரிய ஆளுடா” என்றார்கள். கூலன்ட் சூடு லேப்புக்குள் தலைகீழாக மாறப்போவதில்லை, அதற்கு டாஷில் விளக்கு இருக்கிறது. இப்போது ஆர்பிஎம், த்ராட்டில் இரண்டு மட்டும்தான். வேகத்தை ஜிபிஎஸ்ஸே நன்றாகச் சொல்கிறது, ஓபிடியிடம் கேட்க வேண்டாம். நல்ல அடாப்டராகவும் மாற்றினேன்.

பிரேக் பிரஷர் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு: ஓபிடியின் பொதுவான பட்டியலில் அது இல்லை. காரின் கேன் பஸ்ஸை (காரின் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒயர்) நேரடியாக ஒட்டுக்கேட்டால் பல கார்களில் கிடைக்கும், ஆனால் எந்த எண்ணில் எது வருகிறது என்று கண்டுபிடிப்பது தனி ராமாயணம்.

மாட்டுவதில் என் தவறு: அடாப்டர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. இடது கை வளைவுகளில் உடம்பைத் தாங்க வலது முழங்காலை ஊன்றுவேன், அப்போது இடித்துக் கழன்றுவிடும். சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, அடாப்டரை டேஷுக்கு உள்ளே தள்ளி டை போட்டுக் கட்டினேன். பெடலுக்கு மேலே கேபிள் தொங்கவே கூடாது. ஓட்டி முடித்ததும் கழற்றிவிடுங்கள். ஒரு தடவை மறந்து பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன், பேட்டரி செத்துக் கிடந்தது.

மறுமொழி: பெங்களூர் (ரேலி நேவிகேட்டர்)

நான் ஓட்டுகிறவன் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவன். டிஎஸ்டி (டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ்) ரேலியில் எங்களுக்கு வேகத்தைவிடத் தூரம்தான் உயிர். கொடுத்த சராசரி வேகத்தில் போகிறோமா என்று விநாடிக் கணக்கில் பார்க்க வேண்டும், அதற்குத் தூரம் சரியாக வேண்டும்.

சிக்மகளூர் காபித் தோட்டத்துச் சாலைகளில் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி ஒரு தடவை போனேன். மேலே சில்வர் ஓக் மரங்கள் வானத்தையே மூடியிருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் கார் சுற்றிக்கொண்டு போகும், விநாடிக்கு ஒரு புள்ளி வைக்கிற ஜிபிஎஸ்ஸோ புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டுக் குறுக்கே போய்விடும். ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் குறையும்.

அடுத்த தடவை வீல் சென்சார். டிரைவ் ஷாஃப்டில் காந்தம் ஒட்டி, பக்கத்தில் சென்சார் வைத்தோம். இப்போது நேர்மாறான வியாதி. சேற்றில் முன் சக்கரம் வழுக்கினால் கார் நின்ற இடத்தில் இருக்கும், மீட்டர் ஓடும். அதனால் முன் சக்கரம் ஓட்டுகிற கார்களில் சென்சாரைப் பின் சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். பின்னால் இழுவை இல்லாததால் வழுக்கல் குறைவு. பிரேக்கில் லாக் ஆனால்தான் தொல்லை. டயர் காற்றழுத்தத்தைச் சரிபார்த்த பிறகே, மீட்டரைத் தெரிந்த தூரத்தோடு ஒப்பிடும் காலிபிரேஷன் ஓட்டம் ஓடுங்கள். நாங்கள் ஓடி முடித்துவிட்டு அப்புறம் காற்று அடித்தோம். மூளை இருந்தால் செய்கிற காரியமா?

மறுமொழி: சிலாங்கூர், மலேசியா (மைவி)

வணக்கம் அண்ணே. எங்க காடி (கார்) மைவி, ஓடுறது செப்பாங் ரேஸ் டிராக்கில். 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. சின்னக் காடிக்கு அந்த இரண்டு நீள ஸ்ட்ரெய்ட்டில் தூக்கமே வந்துவிடும்.

என் கதை சின்னது. பிட் கேரேஜுக்குள்ளேயே லாகரை ஆன் செய்துவிட்டு வெளியே போவேன். தலைக்கு மேல் கான்கிரீட், சேட்டிலைட் எங்கே தெரியும்? முதல் லேப்பில் கோடு புல்வெளியில் எல்லாம் ஓடியிருக்கும். இப்போது காடியை வெளியே தள்ளி, வானம் தெரிகிற இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பிடித்துவிட்டது என்று காட்டிய பிறகே வரிசையில் நிற்கிறேன். அப்புறம் டின்ட். இங்கே வெயிலுக்கு எல்லோரும் கண்ணாடியில் டின்ட் ஒட்டுவோம். உலோகம் கலந்த டின்ட் என்றால் டேஷ்போர்டில் வைத்த ஜிபிஎஸ் தடுமாறும். கூரையில் வெளியே வைத்த ஆன்டெனாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும், மாட்டியதன் பலனை யாரும் சொல்லவில்லை. கடைசி 15-ஆம் வளைவில் நான் பிரேக்கைக் கடைசி நொடியில் மிதிக்கிற வீரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பனுடைய லேப்பை என்னுடையதின் மேல் போட்டுப் பார்த்தேன். பிரேக் இடம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் நான் பிரேக்கை விட்டதற்கும் ஆக்சிலரேட்டரைத் தொட்டதற்கும் நடுவில் ஒன்றரை விநாடி, எந்தக் காலும் எதையும் செய்யவில்லை. காடி சும்மா உருண்டிருக்கிறது. அடுத்தது மெயின் ஸ்ட்ரெய்ட், அது முழுக்க அந்தக் கடனைக் கட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

தொடங்கியவர், சென்னை

அனைவருக்கும் நன்றி. மலேசிய அண்ணன் சொன்ன ‘சும்மா உருளுதல்’ என் வரைபடத்திலும் நான்கு இடத்தில் இருக்கிறது. தேடிப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

போன வாரம் மறுபடி இருங்காட்டுக்கோட்டை. போன் கையுறைப் பெட்டிக்குள் பூட்டியாயிற்று. ஓடும்போது திரை பார்க்க மாட்டேன், பிட்டுக்கு வந்துதான் பார்ப்பேன். முதல் செஷனில் ரேஸ்பாக்ஸை டேஷின் நடுவில், ஏர்பேக் மூடியை விட்டுத் தள்ளி, டேப்பும் கயிறுமாக வைத்தேன். இரண்டாவது செஷனில் காந்த மவுண்ட் போட்டுக் கூரையில். டேஷில் வைத்தபோது ஒரே வளைவின் கோடுகள் லேப்புக்கு லேப் இரண்டு மீட்டர் போல விலகிக் கிடந்தன. கூரையில் வைத்ததும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. லேப் டைமில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டிலும் 2 நிமிடம் 14 சொச்சம்தான். அது கருவியின் குற்றம் இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. கூரையில் காந்தத்தை வைப்பதற்கு முன் தூசியைத் துடைக்க மறந்துவிட்டேன். எடுக்கும்போது கொஞ்சம் இழுத்தும்விட்டேன். ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு கீறல். வெள்ளை பெயிண்டில் இதை மறைக்க நல்ல பாலிஷ் எது? ஏணி போட்டால்தான் தெரியும், ஆனால் எங்கள் வீட்டு மாடி ஜன்னலில் இருந்து பார்த்தாலும் தெரிகிறது. சனிக்கிழமைக்குள் பதில் போட்டால் நல்லது.