மேமோகிராம் முகாமில் ‘மறுபடி வாங்க’ ரிப்போர்ட் குவிகிறது: எதைச் சரிசெய்யலாம்?

மேலூர்முகாம் கேட்டது:

மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் வேன் வைத்து 40 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கிறோம். ரிப்போர்ட்டில் அடிக்கடி வருவது ‘பைராட்ஸ் 0, அடர்த்தி சி’ (பைராட்ஸ் என்பது படத்துக்குத் தரும் மதிப்பெண், 0 என்றால் இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை; அடர்த்தி ஏ முதல் டி வரை, டிதான் மிக அதிகம்). மதுரைக்கு வந்து இன்னொரு படமும் ஸ்கேனும் (அல்ட்ராசவுண்ட்) எடுக்கச் சொன்னால் வீட்டில் அழுகை. எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. அடுத்த முறை அந்தத் தெருவே முகாமுக்கு வருவதில்லை.

நம் பெண்களுக்கு இந்தப் பொய் பாசிட்டிவ் (நோய் இல்லாதவரையும் சந்தேகம் என்று நிறுத்துவது) ஏன் இவ்வளவு வருகிறது? வேனிலேயே எதைத் திருத்தலாம்? எல்லாருக்கும் சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிட்டால் தொல்லை விடுமா?

ஃபிலிம்ரூம்:

அக்கா, பாதி வேலை வேன்ல ஏறுறதுக்கு முன்னாடியே இருக்கு. முதல் எதிரி பவுடர். நம்ம வெயிலுக்கு அக்குள்லயும் மாருக்குக் கீழயும் பவுடர் போடாம யாரு வெளிய கிளம்புறாங்க? அந்தத் துகள் படத்துல பொடிப்பொடி வெள்ளைப் புள்ளியா விழும், பாக்குறவருக்கு, நோயோட அறிகுறியா இருக்கக்கூடிய கால்சியம் புள்ளி மாதிரியே இருக்கும். ரோல்-ஆன்ல இருக்கிற அலுமினியமும், துத்தநாகக் களிம்பும் இதே வேலையைப் பண்ணும். டோக்கன் குடுக்குற இடத்துலயே ஒரு வாளித் தண்ணியும் துணியும் வச்சிருங்க. அக்குள், மாருக்குக் கீழ மடிப்பு ரெண்டையும் ஈரத்துணியால துடைச்சு, காஞ்ச துண்டால ஒத்தி எடுக்கணும். அப்பவும் சந்தேகமா புள்ளி தெரிஞ்சா, ஆளை அனுப்பாம அந்த இடத்தை மறுபடி துடைச்சு அந்த ஒரு படத்தை மட்டும் திருப்பி எடுங்க. பவுடர்னா காணாமப் போயிரும், உள்ள இருக்கிற கால்சியம் எங்கயும் போகாது.

தாலியைக் கழட்டச் சொன்னா அங்கயே சண்டை வரும். கொடியை முதுகுப் பக்கம் தள்ளி, படத்துக்குள்ள விழாம பாத்துக்கிட்டா பெரும்பாலும் போதும். பின்னலை முன்னால தொங்க விடாம கொண்டை போடச் சொல்லுங்க.

அடுத்தது அழுத்தம். ‘வலிக்குதும்மா’ன்னு சொன்ன உடனே தட்டைத் தளர்த்துனா திசு ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு, இல்லாத கட்டி இருக்குற மாதிரி தெரியும். பைராட்ஸ் 0-வா வந்து, மறுபடத்துல மறையுற கேஸ் நிறைய இந்த வகைதான். தோல் இறுகுற வரைக்கும் அழுத்தணும், ஆனா சில வினாடிதான்னு முன்கூட்டியே சொல்லிருங்க. சாய்வுப் படத்துல மார்புத்தசை காம்பு மட்டம் வரைக்கும் இறங்கியிருக்கணும், கீழ மடிப்பு விரிஞ்சிருக்கணும். இல்லாட்டி டெக்னீசியன் அங்கயே திருத்தணும்.

மாதவிலக்கு நிக்காதவங்களுக்கு, விலக்கு ஆரம்பிச்ச நாள்ல இருந்து 7 முதல் 14 நாளுக்குள்ள தேதி குடுங்க. வலி குறையும், அழுத்தவும் விடுவாங்க.

பழைய படம் இருந்தா கட்டாயம் கேட்டு வாங்குங்க. பீரோவுக்குப் பின்னாடி சுருட்டி வச்ச ஃபிலிமா இருந்தாலும் பரவாயில்ல. மூணு வருசமா மாறாம அதே இடத்துல இருக்கிற நிழலுக்கு யாரும் ஆளைக் கூப்பிட மாட்டாங்க.

கதிர்படம்:

‘ஏன் இவ்வளவு’ என்ற கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அடர்த்தி என்பது தொட்டுப் பார்த்துத் தெரிவதல்ல, படத்தில் மட்டுமே தெரிவது. கொழுப்பு கறுப்பாகவும், சுரப்பித் திசு வெள்ளையாகவும் விழும். கட்டியும் வெள்ளைதான். சி, டி அடர்த்தியில் கட்டியைத் தேடுவது சுண்ணாம்பு அடித்த சுவரில் கோலப்பொடியைத் தேடுவது மாதிரி. ஆசியப் பெண்களிடம் இந்த அடர்த்தி அதிகம். தவிர, இந்தியாவில் இந்த நோய் மேலைநாடுகளைவிடச் சுமார் பத்து வருடம் முன்னதாக வருகிறது என்பதால் நாமும் இளவயதுக்காரர்களையே படமெடுக்கிறோம். இளவயதில் அடர்த்தி இன்னும் கூடும்.

இரண்டாவது, வெறும் கணக்கு. 1000 பேரில் 4 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கருவி அதில் 3 பேரைப் பிடிக்கிறது. மீதி 996 பேரில் 8 சதவீதம் பேரைத் தவறாக நிறுத்தினாலும் 80 பேர். ஆக, கூப்பிட்ட 83 பேரில் நோய் உள்ளவர் 3 பேர்தான். கூட்டத்தில் நோய் எவ்வளவு குறைவோ, இந்த விகிதம் அவ்வளவு மோசமாகும். இதில் டெக்னீசியன் தவறும் இல்லை, டாக்டர் தவறும் இல்லை.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது: காசநோய் மார்பகத்திலும் வரும். கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற அழற்சியும் இங்கே அபூர்வமில்லை. இரண்டும் ஸ்கேனிலும் கையிலும் புற்றுநோயைப் போலவே நடிக்கும். பைராட்ஸ் 4, 5 (புற்றுநோய்ச் சந்தேகம்) என்றே எழுத வைத்துவிடும். இவர்களுக்கு பயாப்ஸி (சோதனைக்காக ஊசியால் திசுத் துண்டு எடுப்பது) எடுக்கும்போது ஒரு துண்டை ஃபார்மலினிலும் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்), இன்னொன்றைச் சலைனிலும் (உப்பு நீர்) போடச் சொல்லுங்கள். ஃபார்மலினில் விழுந்த துண்டைக் காசநோய் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பிப் பயனில்லை. இந்தச் சின்ன விஷயத்தை மறந்தால் இரண்டாவது தடவை ஊசி குத்த நேரிடும்.

எல்லாருக்கும் ஸ்கேன்? கண்டுபிடிப்பு கூடும், அதோடு பொய் பாசிட்டிவும் கூடும். ஜப்பானில் 40–49 வயதுப் பெண்களிடம் நடந்த ஜே-ஸ்டார்ட் ஆய்வு (2016) இதைத்தான் பார்த்தது. மேமோகிராம் மட்டும் 77 சதவீத நோயைப் பிடித்தது, ஸ்கேனும் சேர்ந்தபோது 91. ஆனால் நோயில்லாத 1000 பேரில் தவறாக நிறுத்தப்பட்டவர்கள் 86-லிருந்து 123 ஆனார்கள். அந்தக் கூடுதல் 37 பேரைப் பின்தொடர உங்களிடம் ஆள் இருக்கிறதா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். என் கருத்து: முகாமில் எல்லாருக்கும் வேண்டாம். பைராட்ஸ் 0 வந்தவர்களுக்கு மட்டும், நிழல் தெரிந்த இடத்தைக் குறிவைத்து.

கிராமச்செவிலி:

ஒரு மாற்றுக் கருத்து. அறிகுறியே இல்லாத 42 வயதுப் பெண்ணுக்கு வேனை ஓட்டிப் போய் மேமோகிராம் எடுப்பதே தேவையா? நம் தேசியத் திட்டம் 30 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதிக்கத்தான் சொல்கிறது. மும்பையில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வில் (முடிவு வந்தது 2021) 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. கையும் பயிற்சியும்தான் செலவு.

கதிர்படம்:

ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அதே ஆய்வில் 50-க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. எனவே ‘கை போதும்’ என்று 42 வயதுக்காரரிடம் சொல்வதற்கும் அது ஆதாரமாகாது. கையில் கட்டி தட்டுப்பட்டால் அது ஸ்கிரீனிங்கே (அறிகுறி இல்லாதவர்களைப் பரிசோதிப்பது) அல்ல. மேமோகிராம் சுத்தமாக வந்தாலும் ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும்.

மேலூர்முகாம்:

சரி. போனில் எப்படிச் சொல்வது? ‘ஊசி குத்தினா பரவிரும்’ என்றும் சொல்கிறார்கள்.

ஃபிலிம்ரூம்:

அக்கா, போன்ல ‘பாசிட்டிவ்’ங்கிற வார்த்தையே வேண்டாம். ‘படம் முழுசாத் தெரியலை, இன்னொரு கோணத்துல எடுக்கணும்’னு சொல்லுங்க. பைராட்ஸ் 0-க்கு அர்த்தமே அதுதான், பொய்யும் இல்ல. தேதியை அந்தப் போன்லயே குடுத்துருங்க, ஒரு வாரத்துக்குள்ள. பைராட்ஸ் 3 வந்தா நோயா இருக்க வாய்ப்பு நூத்துல ரெண்டுக்கு மேல இல்ல, ஆறு மாசம் கழிச்சுப் படம். ஆடியில எடுத்தா ‘தை பிறந்ததும் வாங்க’ன்னு சீட்டுல எழுதுங்க, மறக்காது. 4ஏ-ன்னா நூத்துல ரெண்டு முதல் பத்து, பயாப்ஸி உண்டு. பயாப்ஸின்னா மரத்துப்போற ஊசி போட்டு, 14 கேஜ் ஊசியால நாலஞ்சு துண்டு எடுப்பாங்க, தையல் கிடையாது, அன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்களான்னு மட்டும் முன்னாடியே கேளுங்க. ஊசியால நோய் பரவுறதில்ல.

கதிர்படம்:

ஒன்று சேர்க்கிறேன். படம் 4சி அல்லது 5 (சந்தேகம் மிக அதிகம்) என்கிறது, பயாப்ஸி ‘ஒன்றுமில்லை’ என்கிறது என்றால் அதைப் பொய் பாசிட்டிவ் என்று மூடிவிடாதீர்கள். இரண்டும் ஒத்துப்போகாதவரை மறுபயாப்ஸி.

‘ஒன்றுமில்லை’ என்று முடிந்தவர்களையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்த 2024 ஆய்வில், முதல் படமே சுத்தமாக வந்தவர்களில் 77 சதவீதம் பேர் மறுபடி வந்தார்கள். பொய் எச்சரிக்கைக்குப் பின் ஆறுமாதப் படம் எடுக்கச் சொல்லப்பட்டவர்களில் வந்தது 61 சதவீதம்தான். அங்கேயும் வராமல் நின்றவர்களில் ஆசியப் பெண்கள் முன்னால் இருந்தார்கள். உங்கள் தெரு மட்டும் அல்ல.

மேலூர்முகாம்:

வேன்காரர் படத்தைப் பேப்பர் பிரிண்டாகத்தான் தருகிறார். மதுரையில் அதைக் காட்டினால் போதுமா?

ஃபிலிம்ரூம்:

போதாது அக்கா. பேப்பர்ல பொடிப் புள்ளி தெரியாது, மறுபடி முதல்ல இருந்து எடுப்பாங்க. நாலு படத்தையும் டைகாம் ஃபைலா (கம்ப்யூட்டர்ல முழுத் தெளிவோட பாக்குற மருத்துவப் பட ஃபைல்) சி.டி.யிலயோ பென் டிரைவ்லயோ கேட்டு வாங்குங்க. சி.டி. மேல பேரு, வயசு, எடுத்த தேதி மூணையும் மார்க்கர்ல எழுதி, ரிப்போர்ட்டோட ஒரே கவர்ல போட்டு அவங்க கையிலயே குடுத்துருங்க.