ஒரே ஒரு கோடைக்காலப் பயணத்தை வைத்து தென் பெருங்கடலின் அடிநீர் மாற்றத்தை ஆராய முடியுமா?

கேள்வி: அலைவரி

வணக்கம். கடல் இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, மூன்றாண்டு ஆய்வுத் திட்டம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்டார்டிக் கரையோரத்தில் உருவாகி உலகப் பெருங்கடல்களின் அடித்தளத்தை நிரப்பும் குளிர்ந்த, அடர்ந்த நீர் வெப்பமடைந்தும் பரப்பில் சுருங்கியும் வருகிறது என்று கடந்த சில பத்தாண்டுகளின் அளவீடுகள் காட்டுகின்றன. அந்நீர் உருவாகும் முதன்மையான இடங்களில் ஒன்றான வெடெல் கடலில் இதைக் காண விரும்புகிறேன். வேறொரு நாட்டின் பனியுடைப்புக் கப்பலில், ஒரு கோடைப் பருவத்தில், எங்கள் குழுவுக்கு 21 நாட்கள் ஒதுக்கப்படும் வாய்ப்பு உள்ளது.

50 கிலோமீட்டர் இடைவெளியில் 90 நிலையங்கள் அமைத்து, ஒவ்வொன்றிலும் மேற்பரப்பிலிருந்து தரைவரை வெப்பநிலை, உவர்ப்பு, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை அளப்பது என்பது என் முதல் வரைவு. அதோடு, மதிப்பீட்டாளர்களுக்கு உயிரியல் பகுதியும் பிடிக்கும் என்று சொன்னார்கள். ஆகவே கிரில் எனப்படும் இறால் போன்ற சிற்றுயிரியின் மாதிரி சேகரிப்பையும் சேர்த்திருக்கிறேன். இந்தத் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா? ஒரே பயணத்தின் தரவைக் கொண்டு காலநிலை மாற்றத்தைப் பற்றி எதையாவது சொல்ல இயலுமா? பட்டறிவு உள்ளவர்கள் குறைகளைத் தயங்காமல் சுட்டிக்காட்டுமாறு வேண்டுகிறேன்.

பதில் 1: உவர்நீர்

முதலில் கணக்கைப் பார்ப்போம். 4500 மீட்டர் ஆழத்துக்குக் கருவியை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இறக்கினால் 75 நிமிடங்கள். ஏற்றும்போது நீர்மாதிரிக் குடுவைகளை மூடுவதற்காக இடையிடையே நிறுத்த வேண்டியிருப்பதால், ஒரு நிலையத்துக்கு மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும். அடுத்த நிலையத்துக்குச் செல்ல, திறந்த நீரில் பத்து நாட் (மணிக்கு ஏறத்தாழ 18.5 கிலோமீட்டர்) வேகத்தில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். ஆக, நிலையம் ஒன்றுக்கு ஆறரை மணி நேரம் என்று கொண்டால், 90 நிலையங்களுக்கு 24 நாட்களுக்கு மேல் தேவைப்படும். இது காற்றும் கடற்பனியும் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காது என்ற கற்பனையில் போட்ட கணக்கு. உண்மையில் 21 நாட்களில் 14 நாட்கள் வேலை நடந்தாலே நல்ல பயணம் என்பேன். கடற்பனிக்குள் மூன்று நான்கு நாட் வேகத்தில் ஊர்ந்து போகும்போது ஒரு நாளைக்கு இரண்டு நிலையங்கள் முடிந்தால் போதும் என்ற மனநிலைக்கு வந்துவிடுவீர்கள். 30 நிலையங்களுக்குத் திட்டமிடுங்கள். அவற்றிலும் எவை கைவிடத்தக்கவை என்பதை இப்போதே வரிசைப்படுத்தி எழுதி வையுங்கள். கப்பலில் மூன்று இரவு தூங்காத நிலையில் எடுக்கும் முடிவு அனேகமாகத் தவறாகவே இருக்கும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஒரு பயணம் ஒரு நிலையை அளக்கும், மாற்றத்தை அளக்காது. எனவே உங்கள் 30 நிலையங்களைப் புதிய இடங்களில் பரப்பாமல், ஏற்கெனவே பலமுறை அளக்கப்பட்ட கோட்டின் மேலேயே வையுங்கள். வெடெல் கடலின் கிழக்கே பூச்சிய தீர்க்கரேகையை ஒட்டிய வெட்டுக்கோடு 1990களிலிருந்து, பெரும்பாலும் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பலால், திரும்பத் திரும்ப அளக்கப்பட்டு வந்துள்ளது. அந்த நிலையங்களின் அதே ஆயத்தொலைவுகளில் நீங்கள் அளந்தால், உங்கள் 14 நாள் உழைப்பு முப்பதாண்டுத் தொடரின் ஒரு கண்ணியாகிவிடும். புதுமை எங்கே என்று மதிப்பீட்டாளர் கேட்பார், கேட்கட்டும்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஆழ்நீரில் ஒரு பத்தாண்டில் ஏற்படும் வெப்பமாற்றம் ஒரு பாகையின் நூறில் சில பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது. மீள் அளவீட்டுக் கோடுகளுக்கென உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட துல்லியம் வெப்பநிலையில் 0.002 பாகை, உவர்ப்பிலும் ஏறத்தாழ அதே எண். பயணத்துக்கு முன்னும் பின்னும் உணரிகளை அளவுதிருத்தம் செய்யாமலும், குடுவை நீரின் உவர்ப்பை, உவர்ப்பு துல்லியமாக அறியப்பட்ட தரநிலைக் கடல்நீரோடு ஒப்பிடாமலும் போனால், நீங்கள் காணும் மாற்றம் கடலினுடையதா கருவியினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. குளிரும் ஒரு பகை: உறைநிலைக்குக் கீழுள்ள காற்றில் ஈரத்தோடு தூக்கப்படும் கருவியில், உவர்ப்பை அறிய உதவும் கடத்துத்திறன் கலத்துக்குள் நீர் உறைந்தால் கண்ணாடி விரிசல் விடும். கப்பலில் வெப்பமூட்டிய கருவிக்கூடம் உள்ளதா என்று இன்றே கடிதம் எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று. 1974 முதல் 1976 வரை வெடெல் கடலில் குளிர்காலத்தின் நடுவே கடற்பனியில் மாபெரும் திறப்பு ஒன்று ஆண்டுதோறும் தோன்றியது. அதன் வழியே ஆழ்நீர் பெருமளவில் வெப்பத்தை இழந்தது. அதற்குப் பின் காணப்படும் வெப்பமடைதலில் ஒரு பகுதி அந்நிகழ்விலிருந்து கடல் மீளும் இயல்பான போக்காக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மனிதரால் வந்தது எது, கடலின் தன்னியல்பான ஏற்றத்தாழ்வு எது என்பதைப் பிரிக்கும் வழியைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லாவிட்டால், தலைப்பிலிருந்து காலநிலை மாற்றம் என்ற சொல்லை எடுத்துவிடுவதே நேர்மை.

பதில் 2: மிதவைக்காரன்

உவர்நீர் அவர்கள் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் கப்பலை மட்டும் நம்பும் திட்டம் இக்காலத்துக்கு ஏற்றதல்ல. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4000 ஆர்கோ மிதவைகள் பத்து நாட்களுக்கு ஒருமுறை 2000 மீட்டர்வரை மூழ்கி எழுந்து தரவு அனுப்புகின்றன. பனிப்பகுதிக்கென அமைக்கப்பட்டவை, மேற்பரப்பை நெருங்கும்போது நீர் உறைநிலையை ஒட்டியிருப்பதை உணர்ந்தால் மேலே வராமல் திரும்பிவிடும். அளவீடுகளைச் சேமித்து வைத்து, பனி விலகிய பின் அனுப்பும். உணரி பொருத்தப்பட்ட யானைச் சீல்கள்கூடக் குளிர்காலத்தில் மனிதர் செல்ல முடியாத இடங்களிலிருந்து அளவீடுகளைத் தந்திருக்கின்றன. கோடையில் மட்டும் சென்று திரும்புவோரின் தரவால் இந்தக் கடலைப் பற்றி நாம் எவ்வளவு காலம் ஒருபக்கமாகவே அறிந்திருந்தோம் என்பதை மறக்கக் கூடாது. செல்லும் வழியில் இரண்டு மூன்று மிதவைகளை இறக்கிவிடுவதற்கு அரைநாள்கூட ஆகாது.

பதில் 3: உவர்நீர்

மிதவைகள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நண்பரே, கேள்வி அடிநீரைப் பற்றியது. வழக்கமான ஆர்கோ நிற்கும் 2000 மீட்டருக்கும் வெகு கீழே இருக்கிறது அது. 6000 மீட்டர்வரை செல்லும் ஆழ் ஆர்கோ மிதவைகள் உள்ளன, எண்ணிக்கையில் குறைவு, விலையில் அதிகம். இந்த இடத்தில் ஓராண்டு முழுவதும் தரையருகே நின்று அளக்கும் நங்கூரமிட்ட கருவித்தொடரே பொருத்தமானது. அதன் தலைமிதவையை மேற்பரப்பிலிருந்து நன்கு ஆழத்தில் வையுங்கள். கண்டத்திட்டில் பனிமலைகளின் அடிப்பகுதி நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு நீள்வதால், ஆழம் குறைவாக வைத்த தொடர்களைப் பனிமலைகள் இழுத்துச் சென்றுவிடும். நானே அப்படி ஒன்றை இழந்திருக்கிறேன். இரண்டாண்டுத் தரவு இன்றும் கடலுக்கடியில்தான் கிடக்கிறது.

பதில் 4: பனிவிளிம்பு

உயிரியல் பக்கத்திலிருந்து ஒரு சொல்: கிரிலை அலங்காரத்துக்காகச் சேர்க்காதீர்கள். வலையின் வாய் அளவு, இழுக்கும் ஆழம், பகலா இரவா என்பவற்றைப் பொறுத்து எண்ணிக்கை பெரிதும் மாறும். 1926 முதல் திரட்டப்பட்ட வலைத் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தும், தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் கிரில் குறைந்து வருகிறதா என்பதில் நிபுணர்களே முரண்படுகிறார்கள். அதற்கு ஒரு காரணம் இந்த முறை வேறுபாடுதான். மேலும், கிரில் இளவுயிரிகள் குளிர்காலத்தில் கடற்பனியின் அடிப்பகுதியில் வளரும் பாசியை உண்டே பிழைக்கின்றன. பனியின் விளைவை அறிய விரும்பும் ஒருவர் கோடையில் இழுக்கும் சில வலைகளால் எதை அறிவார்? ஒலியலை அனுப்பி நீருக்கடியில் உள்ளவற்றைக் கண்டறியும் கப்பலின் எதிரொலிமானி எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் தரவை முறையாகப் பதிந்து, கிரில் ஆய்வுக் குழு ஒன்றிடம் ஒப்படைத்தால் அதுவே பெரிய உதவி.

பதில் 5: கலத்துணை

நான் பயண ஏற்பாடுகளைப் பார்ப்பவன். அறிவியல் பகுதி முடிந்த பிறகு அனுமதி வேலையைத் தொடங்கலாம் என்று நினைப்பவர்களால்தான் என் தலைமுடி நரைத்தது.

தெற்கு அகலக்கோடு 60 பாகைக்குத் தெற்கே உள்ள பகுதி 1959இல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த, அந்த ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான மாட்ரிட் நெறிமுறையின்படி, எந்தச் செயலுக்கும் முன்னதாகச் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட வேண்டும். நங்கூரத் தொடரை மீட்டாலும் அதன் அடியிலுள்ள எடை கடற்தரையிலேயே தங்கிவிடும். திரும்பி வராத மிதவைகளும் அவ்வாறே. இவற்றை மதிப்பீட்டில் மறைக்காமல் எழுதுங்கள். நீங்கள் செல்வது வேறொரு நாட்டுக் கப்பல் என்பதால், எந்த நாட்டின் அலுவலகம் அனுமதி தருகிறது, உங்கள் கருவிகள் அந்த அனுமதிக்குள் அடங்குகின்றனவா என்பதைப் பயணத் தலைவரிடம் எழுத்தில் பெறுங்கள். கப்பலைப் பொறுத்தவரை, துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களுக்கென 2017 சனவரி முதல் நடப்பிலுள்ள துருவ நெறித்தொகுப்பின்படி அது எத்தகைய பனியில் செல்லத் தகுதி பெற்றது என்பது சான்றிதழிலேயே இருக்கும். அதைப் படிக்காமல் தடித்த பல்லாண்டுப் பனிக்குள் நிலையம் குறித்து அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆர்க்டிக் பக்கம் மனம் மாறினால் விதிகளும் மாறும். அங்கே பெரும்பகுதி கரையோர நாடுகளின் பொருளாதார மண்டலம், ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி, ஆய்வு தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன் முழு விவரத்தையும் அந்நாட்டுக்குத் தந்து இசைவு பெற வேண்டும்.

பதில் 6: அலைவரி

அனைவருக்கும் நன்றி. கிரிலை எடுத்துவிட்டேன். நிலையங்கள் 28; எல்லாம் பழைய வெட்டுக்கோட்டின் மேல், அவற்றில் ஒன்பதைக் கைவிடத்தக்கவை என்று குறித்துள்ளேன். தரையருகே இரண்டு நங்கூரத் தொடர்கள், வழியில் இறக்க மூன்று மிதவைகள். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது: தொடர்களை ஓராண்டில் மீட்பதா, இரண்டாண்டில் மீட்பதா?

பதில் 7: கலத்துணை

மின்கலத்தை மூன்றாண்டுக்குக் கணக்கிட்டு, மீட்பை இரண்டாண்டுக்குத் திட்டமிடுங்கள். ஒரு கோடையில் பனி விலகாமல் கப்பல் திரும்ப நேர்ந்தால், தொடரை அடி எடையிலிருந்து கழற்றிவிடும் விடுவிப்பி, மறு கோடைவரை ஒலிச் சமிக்ஞைக்குப் பதில் தர வேண்டும் அல்லவா? ஒவ்வொரு தொடருக்கும் ஒன்றல்ல, இரண்டு விடுவிப்பிகள் போடுங்கள். மீட்கும் கப்பலில் இடம் கேட்டு, இறக்கும் கப்பலுக்கு விண்ணப்பிக்கும் அதே வாரத்தில் எழுதிவிடுங்கள்.