பழைய டெக்னிக்ஸ் 1200 ரெக்கார்ட் பிளேயர் இன்னிக்கும் நிக்குதா? நேர்ல கேட்டவங்க சொல்லுங்க

மாட்டுங்கா ஈஸ்ட்:
எஸ்எல்-1200 ஹிஸ்டரி எல்லாருக்கும் தெரியும், 1972, அடுத்த மாடல் எம்கே2 1979, 2010ல நிறுத்தினான், 2016ல திரும்ப வந்தான், அதெல்லாம் விடுங்க. சித்தப்பா புதுசா ஒரு பெல்ட் டிரைவ் டெக் வாங்கியிருக்கார் (மோட்டார் ரப்பர் பெல்ட் வழியா தட்ட சுத்த வைக்கும், 1200ல மோட்டாரே நேரா சுத்த வைக்கும்), பேர் வேணாம், நல்ல ரிவ்யூ வாங்கின டெக்தான். பக்கத்துலயே அவரோட பழைய எம்கே2. ரெண்டுலயும் ஒரே மாதிரி ஆடியோ டெக்னிகா விஎம்95ஈ கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி இருக்கற பகுதி. முதல்ல எம்கே2ல ஒரு வீணை எல்பி, சித்தி எலக்ட்ரானிக் தம்புராவை அதுக்கு சேர்த்து வெச்சுட்டாங்க. அப்புறம் அதே எல்பிய தூக்கி புது டெக்ல போட்டோம். அவ்ளோதான், தம்புராவோட பஞ்சமத்துக்கும் வீணைக்கும் நடுவுல ஊங் ஊங்னு ஒரு அதிர்வு கிளம்பிடுச்சு. சித்தி சமையல்கட்டுலேருந்தே "ஸ்ருதி ஏறிக் கெடக்கு, நிறுத்துங்கோ"ன்னாங்க. போன் ஆப்ல பாத்தா நிமிஷத்துக்கு 33.67 சுத்து, இருக்க வேண்டியது 33.33. அதாவது 1 பர்சென்ட் ஸ்பீடு ஜாஸ்தி. கேக்க சின்ன விஷயம், ஆனா அது 17 சென்ட், அதாவது ஒரு செமிடோன்ல (பக்கத்து பக்கத்து ஸ்வரஸ்தான இடைவெளி) ஆறுல ஒரு பங்கு. காது இருக்கறவங்களால உக்காந்து கேக்க முடியாது. எம்கே2வ திரும்பிப் பாத்தா பச்சை லைட் எரியுது, தட்டு ஓரத்துல புள்ளி வரிசை செதுக்கி வெச்ச மாதிரி அசையாம நிக்குது, ஸ்பீடு சரியா இருந்தாதான் அப்படி தெரியும். ஸ்பீட பூட்டி வெக்கற குவார்ட்ஸ் லாக் போட்டு இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அப்படியே நிக்குது. அன்னிலேருந்து எனக்கு இது மண்டைய விட்டு போகல, இப்ப காசு குடுத்து வாங்கற டெக்ல ஏன் இது ஒழுங்கா வரல?

செம்பூர் எல்பி:
மேல சொன்ன சார், ஒரு டெக் வேகமா ஓடுதுன்னா அது அந்த பீஸ் பிரச்சனை, பெல்ட் டிரைவ் டிசைனையே குத்தம் சொல்லாதீங்க. என் பெல்ட் டெக் 33.35ல நிக்குது. எனக்கு நடந்தது வேற. சோர் பஜார்ல எடுத்த ஒரு நாதஸ்வரம் எல்பி, தோடி ஆலாபனை, நீளமா ஒரு நிஷாதம் பிடிக்கறார், அது ஊஞ்சல் மாதிரி ஆடுது. பெல்ட்தான் காரணம்னு ஃப்ரெண்டு வீட்டு 1200ல கொண்டுபோய் போட்டேன். அங்கயும் அதே ஆட்டம்! எண்ணிப் பாருங்க, 1.8 செகண்டுக்கு ஒரு தடவை ஆடினா தட்டோட ஒரு சுத்து, ரெக்கார்ட்ல ஓட்டை நடுவுல இல்லன்னு அர்த்தம். அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே போதும், நடு பாட்டுல அரை பர்சென்ட் மேலயும் கீழயும் போகும். நகமிச்சி டிஎக்ஸ்-1000 மாதிரி சென்டரை தானே தேடற டெக் இருந்தா ஒழிய இதுக்கு எந்த மோட்டாரும் வைத்தியம் இல்ல. ஸ்பீடு ஆட்டம் 0.025 பர்சென்ட்னு டெக்னிக்ஸ் போட்டிருக்கறது மோட்டாரோட கணக்கு, உங்க ரெக்கார்டோட கணக்கு இல்ல.

தாதர் மூணாவது மாடி:
ஸ்பீடு சண்டை உங்களுக்குள்ள வெச்சுக்கோங்க. எங்க பில்டிங் பழசு, மரத்தளம், யார் நடந்தாலும் அலமாரி கண்ணாடி கிணுகிணுங்கும். என்கிட்ட இருந்தது ஸ்பிரிங் சஸ்பென்ஷன் டெக், சத்தம் அவ்ளோ அழகு, பொய் சொல்லல. அண்ணன் பையன் ஹால்ல ஓடி வந்தான், டோன் ஆர்ம் (ஊசிய தாங்கற கை) ஒரு எகிறு எகிறி முதல் பாட்டுலேருந்து மூணாவது பாட்டு மேல போய் விழுந்துச்சு, சர்ர்னு ஒரு கோடு. அப்பா வாங்கி வெச்ச எல்பி அது. கீழ் வீட்டு அங்கிள்கிட்ட 1200 இருக்கு, அதே மாதிரி தளம், அதே பையன் குதிக்கறான், ஊசி நகரல. அந்த கனமான அலுமினியமும் அடியில ரப்பரும் சேர்ந்து 12 கிலோவுக்கு மேல வெயிட். கிளப்ல ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சு ஓட்டினதுக்கு காரணம் அதுதான். நம்ம ஊர் வீட்டுக்கு எது தாங்கும்னு முதல்ல பாக்கணும், சத்தம் அப்புறம்.

முலுண்ட் வெஸ்ட்:
நான் ரெண்டு எம்கே2 கைமாத்தி வாங்கினவன், ஒண்ணு இன்னும் தினமும் ஓடுது, ஸ்டார்ட் அமுக்கின 0.7 செகண்ட்ல ஸ்பீடு பிடிக்கறத பாக்கறப்ப இன்னிக்கும் சந்தோஷம்தான். யாராவது இத படிச்சுட்டு வாங்க கிளம்பினா கொஞ்சம் கேட்டுக்கோங்க. ஜப்பான்லேருந்து வந்த பீஸ்னா 100 வோல்ட், நம்ம 230ல நேரா சொருகினா உள்ள டிரான்ஸ்ஃபார்மர் போயிடும், பின்னாடி ஸ்டிக்கர படிங்க, ஸ்டெப் டவுன் கூடவே வாங்குங்க. ஸ்பீட கூட்டிக் குறைக்கற பிட்ச் ஸ்லைடர மெதுவா மேல கீழ நகர்த்துங்க, புள்ளி சீரா நகரணும், நடுநடுவுல துள்ளினா உள்ள தூசி. டோன் ஆர்ம ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜ் மாட்டற நுனி) பக்கம் ரெண்டு விரலால லேசா பிடிச்சு முன்ன பின்ன ஆட்டிப் பாருங்க, டக்குனு ஒரு லூஸ் தெரிஞ்சா பேரிங் போச்சு, அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க, எவ்ளோ கம்மியா சொன்னாலும் சரி. டிஜே ஓட்டின பீஸ்ல இதுதான் முதல்ல போகும். ஆம்ப்ளிஃபயருக்கு போற ஆர்சிஏ ஒயர் உள்ளயே சால்டர் பண்ணியிருப்பான், முறிஞ்சிருந்தா ஒரு சேனல் வந்து வந்து போகும், இது சரி பண்ணக்கூடியது, பயப்பட வேணாம். கிரவுண்ட் ஒயர மாட்டாம ஹம்முனு கேக்குதுன்னு டெக்க திட்டறவங்க நிறைய பேர். கார்ட்ரிட்ஜ் மாட்டறப்ப ஹெட்ஷெல் வாஷர்லேருந்து ஊசி முனைக்கு 52 மில்லிமீட்டர், ஸ்கேல் வெச்சு பாருங்க. அப்புறம் மழைக்காலத்துல டஸ்ட் கவர மூடி வெச்சு உள்ள ஒரு சிலிக்கா பை போடுங்க, நம்ம மும்பை ஈரத்துல ரெக்கார்டுக்கே பூஞ்சை பிடிக்குது.

அந்தேரி ரேகா:
யாரும் சத்தத்தைப் பத்தி பேசவே இல்லையே. என்கிட்ட இருக்கறது ரெகா கம்பெனி பிளானார் 3, பெல்ட் டெக், அதுவும் கூட பழைய டிசைன்தான், 1977. பழசு புதுசுன்னு பிரிக்கறதே எனக்கு ஒத்து வரல. ஒரே ரூம்ல 1200யும் இதுவும் வெச்சு கேட்டேன், மிருதங்கம். 1200ல அடி கனமா, டைமிங் கட் பண்ணின மாதிரி வந்துச்சு. இதுல வலந்தலைல விரல் பட்டு எடுக்கற அந்த தோல் சத்தம் தனியா கேட்டுச்சு, எழுந்து போய் பக்கத்துல நின்னு கேட்டேன். அந்த ஒத்தை துண்டு வார்ப்பு ஆர்முக்கு நான் காசு குடுத்தது அதுக்குத்தான். 45 ஸ்பீடு ரெக்கார்ட் போட தட்ட தூக்கி பெல்ட்ட கையால மாத்தணும், ஆமா, மாத்திக்கறேன்.

செம்பூர் எல்பி:
அந்தேரி, ரெண்டுலயும் ஒரே கார்ட்ரிட்ஜா? அதை சொல்லாம ஆர்முக்கு கிரெடிட் குடுக்காதீங்க. 1200ல ஆர்ம் உயரத்த ஒரு வளையத்த திருப்பி 6 மில்லிமீட்டர் வரைக்கும் ஏத்தலாம், உங்களுதுல கீழ ஸ்பேசர் வெக்கணும். உயரம் செட் பண்ணாம கேட்டிருந்தா அந்த மிருதங்கம் கம்பேரிசன் செல்லாது. ஞாயித்துக்கிழமை என் கார்ட்ரிட்ஜ கொண்டு வர்றேன், ரெண்டுலயும் மாத்தி மாட்டி கேப்போம், மாட்டுங்கா சாரும் தம்புரா எடுத்துட்டு வரட்டும்.