கோவளம் பக்கம் கடலோர வீடு விற்கணும்: எதைச் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது?

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கிரானைட் தொழிலில் இருந்தவர். 1996-இல் சென்னை பக்கத்துக் கோவளத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்த மாதிரி ஒரு மனை வாங்கிப் போட்டார். 2008-இல் வீடு கட்டினார். ஐந்து படுக்கையறை, நீச்சல் குளம், கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி. தரைக்கல் எல்லாம் நம்ம பக்கத்துக் கல். கொத்தனார், கம்பி கட்டுபவர் எல்லாரையும் இங்கிருந்தே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வெளியூர் ஆட்களை நம்பமாட்டார்.

2021-இல் அப்பா தவறிவிட்டார். இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை போனால் அதிகம். போனாலும் கேட் பூட்டைத் திறக்கவே அரை மணி நேரம் ஆகிறது, அவ்வளவு துரு. அம்மா, நான், துபாயில் இருக்கும் தங்கை மூவரும் பேசி விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

போன ஐப்பசியில் இரண்டரை லட்சம் செலவழித்து வெளிப்பக்கம் முழுக்கப் பெயிண்ட் அடித்தோம். தை பிறப்பதற்குள் கடல் பக்கச் சுவர் முழுக்க அப்பளம் மாதிரி கொப்பளித்துவிட்டது. இதுவரை இரண்டு பார்ட்டி வந்தார்கள். முதல் ஆள் போர்டிகோவில் நின்று அண்ணாந்து பார்த்தார். சீலிங்கில் கம்பி போகிற வழியிலேயே நேர்கோடாக ஒரு விரிசலும் பழுப்புக் கறையும் இருக்கிறது. டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். இரண்டாமவர் பத்திர நகல் வாங்கிப் போனார், அவருடைய வக்கீல் பார்த்த பிறகு போனை எடுப்பதில்லை.

புரோக்கர் சொல்வது: 30 லட்சம் போட்டு மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், தோட்ட விளக்கு எல்லாம் செய்தால் விலை ஒரு கோடி ஏறும். போர்டிகோ விரிசலும் ஃபால்ஸ் சீலிங்கில் மறைந்துவிடும் என்கிறார். செய்யலாமா? மலைக்காட்டில் பிறந்த எனக்குக் கடலோர வீடு பற்றி ஒன்றும் தெரியவில்லை.

உளியும் சுத்தியலும் (தருமபுரி)

ஃபால்ஸ் சீலிங் மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் ஒன்பது வருஷம் ஈசிஆர், பாண்டிச்சேரி பக்கம் ரிப்பேர் வேலை எடுத்தவன். கடலோர வீடு வாங்க வருகிறவர் எஞ்சினீயரோடுதான் வருவார். புது ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்தால் அவர் முதலில் கேட்பது ‘ஒரு ஷீட்டைக் கழற்ற முடியுமா’ என்பதுதான்.

விரிசல் கம்பியோடு ஓடுகிறது என்றால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். துரு, இரும்பைப்போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். அது தள்ளுவதில்தான் காங்கிரீட் வெடித்துக் காரை உதிர்கிறது. மேலே எதைப் பூசினாலும் நிற்காது.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, கட்டும்போது தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள்? இரண்டு, கவர் பிளாக் (கம்பி காங்கிரீட்டின் வெளிப்பரப்பை ஒட்டாமல் இடைவெளிக்கு வைக்கிற கட்டை) எத்தனை மில்லிமீட்டர் வைத்தார்கள்? நம்ம ஊர் ஆட்கள் ஸ்லாபுக்கு 20 மில்லி வைத்துப் பழகியவர்கள். கிருஷ்ணகிரிக்கு அது சரி. காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இல் கடலோரக் கட்டடம் ‘கடுமையான’ சூழல் என்ற வகையில் வரும், 45 மில்லி வேண்டும். அலைத்துளி நேராக மேலே படுகிற இடத்துக்கு 50.

தேங்காய்த்துருவி (ஓசூர்)

30 லட்சம் கிச்சனா! வாங்குகிறவர் முதல் மாசம் உடைக்கப்போவதே அதைத்தான்.

மாந்தோப்பு

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் பழைய மேஸ்திரி தாத்தாவிடம் போய்க் கேட்டேன். தண்ணீர் மனையிலேயே போட்ட போரில் எடுத்தார்களாம். ‘வாயில் வைத்தால் லேசா உப்புக் கரிச்சுது, ஆனா கலவை நல்லாத்தான் செட் ஆச்சு’ என்றார். கவர் பிளாக் அவருக்கு ஞாபகம் இல்லை. ‘எப்பவும் வைக்கிறதுதாம்ப்பா’ என்றார். அதாவது 20.

உளியும் சுத்தியலும்

நினைத்தேன். கம்பி போடும் காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு (உப்பில் இருக்கும், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற பொருள்) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நாக்கில் உப்பு தெரிகிறது என்றால் சந்தேகப்பட வேண்டிய தண்ணீர்தான். உப்பு வெளியிலிருந்து வந்தது பாதி, கலவையிலேயே போனது பாதி.

பயப்பட வேண்டாம், கணக்கெடுக்கலாம். அடுத்த தடவை போகும்போது அரைக்கிலோ சுத்தியலும் ஒரு கட்டி சாக்பீஸும் கொண்டுபோங்கள். ஏணி போட்டு சீலிங், பீம், தூண், பால்கனி அடிப்பக்கம் எல்லாம் ஓர் அடிக்கு ஒரு தட்டு. நல்ல காங்கிரீட் ‘டங்’ என்று கல் மாதிரி சத்தம் கொடுக்கும். பிரிந்த இடம் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டுகிற மாதிரி ‘பொத்’ என்று கேட்கும். அந்த இடத்தையெல்லாம் சாக்பீஸில் வட்டம் போட்டுப் போட்டோ எடுங்கள். அப்புறம் ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினீயரைக் கூப்பிட்டு அரைசெல் சோதனையும் (உள்ளே கம்பி துருப்பிடிக்கிறதா என்று மின்னழுத்தம் அளந்து பார்ப்பது) குளோரைடு சோதனையும் செய்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

ரிப்பேர் என்றால் மேலாகப் பூசுவது இல்லை. கம்பிக்குப் பின்னாலும் விரல் போகிற அளவு காங்கிரீட்டைக் கொத்தி எடுக்கணும், துருவைத் தேய்த்து எடுக்கணும், ஜிங்க் பிரைமர், அதன்மேல் பாலிமர் கலவை. கம்பி இளைத்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி. இன்னொன்று பலருக்குத் தெரியாது: உப்பு ஏறிய ஸ்லாபில் ஓர் இடத்தை மட்டும் சரிசெய்தால் ஒட்டியிருக்கும் இடம் வேகமாகத் துருப்பிடிக்கும். அதற்குத்தான் ஒட்டு ஓரங்களில், கம்பிக்குப் பதிலாகத் தான் அரிபட ஜிங்க் கட்டி வைப்பார்கள். அதைச் செய்யத் தெரியாத ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பெயிண்ட் கொப்பளித்ததற்குக் காரணம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழையில், உப்பு ஊறிய ஈரச் சுவரில், பட்டி பார்த்து அடித்தால் வேறென்ன ஆகும்? மாசி, பங்குனியில் நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, பொரிந்த பூச்சை எடுத்துவிட்டு அடியுங்கள்.

பத்திரப்பை (கிருஷ்ணகிரி)

இரண்டாவது பார்ட்டி ஓடியதற்கு சீலிங் காரணம் இல்லை தம்பி, காகிதம். சில கேள்விகள். பட்டா இன்னும் அப்பா பெயரில்தானே? வாரிசுச் சான்று வாங்கியாச்சா? கட்டட அனுமதி யார் கொடுத்தது? பிளானில் இல்லாத எதையாவது பிற்பாடு கட்டினீர்களா?

மாந்தோப்பு

பட்டா அப்பா பெயரில்தான். வாரிசுச் சான்று இருக்கிறது. அனுமதி ஊராட்சி முத்திரையோடு ஒரு பிளான் இருக்கிறது, அவ்வளவுதான். கடல் பக்கம் 2014-இல் மேடை மாதிரி ஒரு டெக் போட்டு மதில் கட்டினார் அப்பா. அது பிளானில் இல்லை. பத்திரத்தில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று இருக்கிறது, இப்போது செங்கல்பட்டு. இதனால் சிக்கல் வருமா?

பத்திரப்பை

மாவட்டப் பெயரில் சிக்கல் இல்லை. 1997-இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது, 2019-இல் செங்கல்பட்டு தனியானது. நம்ம தாத்தா காலத்துப் பத்திரத்தில் சேலம் ஜில்லா, அப்பா பத்திரத்தில் தர்மபுரி மாவட்டம், 2004-க்குப் பிறகு கிருஷ்ணகிரி என்று மூன்று பெயர் வருகிற மாதிரிதான். சர்வே எண் ஒத்துப்போகிறதா என்பதைத்தான் பார்க்கணும். தாய்ப் பத்திரம், வாங்கிய காலம் முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று, மூவர் பெயரிலும் மாற்றிய பட்டா, புல வரைபடம் இவை ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

உங்கள் தலைவலி அந்த டெக்கும் ஊராட்சி பிளானும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து (ஏற்றத்தில் கடல் நீர் வந்து தொடும் எல்லை) 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டர் கட்டடம் கூடாத பகுதி. 2019 அறிவிக்கையில், மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2161-க்கு மேல் உள்ள இடங்களுக்கு அது 50 மீட்டராகக் குறைந்தது. நீங்கள் எதில் வருகிறீர்கள் என்பதை வரைபடம்தான் சொல்லும். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் மாதிரி அங்கீகாரம் பெற்ற அமைப்பிடம், உங்கள் சர்வே எண்ணை உயர் அலைக் கோட்டோடு பொருத்திய வரைபடம் வாங்குங்கள். பிறகு இந்தச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் போங்கள். டெக்கை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள், மனசு கஷ்டம்தான். விளம்பரத்தில் ‘பிரைவேட் பீச்’ என்று போடாதீர்கள். மணல் உங்களுடையது இல்லை.

தங்கை விஷயம். 50 லட்சத்துக்கு மேல் சொத்து என்றால் உங்களுக்கும் அம்மாவுக்கும் வாங்குகிறவர் 1% வரி பிடித்தால் போதும். வெளிநாட்டில் வசிப்பவர் பங்குக்கு அந்த 1% செல்லாது, அதைவிட நிறையப் பிடிக்கணும். குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித்துறையில் முன்னாலேயே சான்று வாங்கலாம், நாளாகும், இப்போதே ஆடிட்டரைப் பாருங்கள். லாபக் கணக்கில், வாங்கிய விலைக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1 மதிப்பை மனைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் கேளுங்கள். தங்கை பவர் எழுதிக் கொடுத்தால், அது இந்தியா வந்து மூன்று மாசத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அதையும் விட்டுவிட்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

வாங்கிப்பட்டவன் (தருமபுரி)

நான் வாங்குகிற பக்கம் இருந்தவன், வேறு கடற்கரையில். சிமெண்டும் சட்டமும் இவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் முதலில் பார்த்தது என்னவென்றால், மூக்கு. பூட்டிக் கிடந்த வீட்டில் கழிவறை ஜாலிக்கு அடியில் நிற்கிற தண்ணீர் வற்றிவிடும், சாக்கடை நாற்றம் நேராக உள்ளே வரும். பார்ட்டி வருவதற்கு முந்தின நாளே ஒவ்வொரு ஜாலியிலும் இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள். காசே ஆகாது. ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே அடித்து வைத்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

அப்புறம் கைப்பிடி, கீல், தாழ்ப்பாள். பாதி எஸ்எஸ் 304 (சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்) ஆக இருக்கும், கடல் காற்றில் டீக்கறை பிடித்த மாதிரி ஆகியிருக்கும். தொட்டுத் திறக்கிற இடத்தில் மட்டும் உப்புக் காற்றை இன்னும் தாங்குகிற 316 ரகம் மாற்றுங்கள். ஜன்னல் எல்லாம் ஒரே தள்ளில் திறக்கணும். ஏசி வெளி யூனிட் தகடு உதிர்ந்திருந்தால் கழற்றிவிடுங்கள், ஓடாததை வைத்திருப்பதைவிட வெறும் இடம் மேல்.

கரை அரிப்பு பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நம்ம கரையில் மணல் வருஷக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் கல் கொட்டினால் அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கரை போனதும் அப்படித்தான். கூகுள் எர்த்தில் பழைய வருஷப் படங்களைப் பார்த்து, மதிலிலிருந்து கரை எவ்வளவு தூரம் என்று அளந்து நீங்களே காட்டுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகுதான் வீடு கட்டினீர்கள், அதையும் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை அக்கா

போட்டோ காலையில் ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் எடுங்க. நம்ம கடல் கிழக்கே, மதியத்துக்கு மேல் கடல் பக்க முகப்பு நிழலில் கறுத்துப்போகும். புரோக்கர் சொல்கிற தோட்ட விளக்கைக் கடல் பக்கம் போடவே வேண்டாம். தையிலிருந்து பங்குனி தாண்டியும் பங்குனி ஆமை முட்டையிடுகிற கரை அது, குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் வந்துவிடும்.

ஹாலில் சாமான் குறையுங்க. பூஜை அறையை மட்டும் கலைக்காதீங்க, விளக்கு ஏற்றி வையுங்க.

மாந்தோப்பு

அக்கா, ஹாலில் அப்பா படம் இருக்கிறது, ஆளுயரம், மாலையோடு. புரோக்கர் எடுக்கச் சொல்கிறார். அம்மா முடியவே முடியாது என்கிறார்.

ராயக்கோட்டை அக்கா

அம்மா இருக்கிற அறைக்கு மாற்றுங்க. எடுக்கவில்லை, இடம் மாற்றினோம் என்று சொல்லுங்க. மாலையைப் புதுசாப் போடுங்க.

மாந்தோப்பு (ஐந்து வாரம் கழித்து)

போய் வந்தோம். முழுசா ஒன்றரை நாள் சுத்தியலோடு ஏணியில் இருந்தேன், கழுத்து போயிற்று. பொத் சத்தம் போர்டிகோவில் ஏறக்குறைய முழுக்க, கடல் பக்க பால்கனிகளில் ஓரங்கள், நீச்சல் குளப் பம்ப் அறை. வீட்டுக்குள்ளே பெரும்பாலும் டங். எஞ்சினீயர் வந்து சோதித்தார். போர்டிகோ ஸ்லாபை இடித்துத்தான் போடணும், பால்கனியை ரிப்பேர் செய்யலாம், உள் ஸ்லாப்களில் இப்போதைக்குத் துரு ஓட்டம் குறைவு என்று எழுதிக் கொடுத்தார். புரோக்கர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் செலவு வருகிறது. கிச்சனைத் தொடவில்லை.

டெக் 200 மீட்டருக்குள்தான். வக்கீல் எடுக்கச் சொன்னார், எடுத்தாகிவிட்டது. வீட்டுக்கான காகிதத்தை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அது முடியாமல் விளம்பரம் இல்லை. தங்கையின் வரிச் சான்றுக்கு ஆடிட்டர் விண்ணப்பித்திருக்கிறார்.

புதுப் பார்ட்டி ஒருவர் தானாக வந்தார். அறிக்கையை அவர் கையில் கொடுத்துவிட்டேன், சாக்பீஸ் வட்டத்தையும் அழிக்கவில்லை. ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தார், போர்டிகோவுக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டார். போகும்போது டீ குடித்துவிட்டுப் போனார்.

உளியும் சுத்தியலும்

குறைக்காதீர்கள். இடித்துப் போட்ட பிறகு என்ன விலை, இப்படியே வாங்கினால் என்ன விலை என்று இரண்டாகச் சொல்லுங்கள். டெக்கிலிருந்து எதையாவது எடுத்து வந்தீர்களா?

மாந்தோப்பு

அப்பா உட்காரும் ஊஞ்சல் பலகை, தேக்கு. அதை மட்டும் கொண்டுவந்து தோப்பு வீட்டுத் திண்ணையில் சாத்தி வைத்திருக்கிறேன். சங்கிலி கழற்றும்போதே கையில் உதிர்ந்துவிட்டது. இங்கே மாட்ட எந்தச் சங்கிலி வாங்க?

உளியும் சுத்தியலும்

கிருஷ்ணகிரியில்தானே? சாதா இரும்பே போதும், உங்கள் பேரன் காலம் வரைக்கும் வரும்.